பதினோரு பாத்திரமும் ஒரு பத்திரமும்

ஷோபாவைக் கெட்டவள் என்று யாராவது சொன்னால் ஜோகுபாளையத்தில் பாதிப் பேர் சண்டைக்கு வந்துவிடுவார்கள். அவசரக்காரி, அவ்வளவுதான். அந்த அவசரம்தான் அவளை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அறுபத்தொரு வயதில், ஸ்டூல் மேல் ஏற்றி, பரணுக்குள் தலையை விடவைத்து, தன் பெயரைத் தானே ஒளித்துவைக்க இடம் தேட வைத்தது.

கீழே கட்டிலில் அக்கா காந்தா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அண்ணி ரத்தினம்மாள், அதாவது காந்தாவின் செத்துப்போன தம்பி நாராயணசாமியின் பெண்டாட்டி. ஷோபாவுக்கு அவர் அண்ணன். ரத்தினம்மாள் இப்போது மகன் சுனிலோடு எலெக்ட்ரானிக் சிட்டியில் இருக்கிறாள். இரண்டு பஸ் மாறி, அக்கா கூப்பிட்டாள் என்ற ஒரே காரணத்துக்காக வந்திருந்தாள்.

காந்தா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முப்பத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் வார்டு ஆயாவாக இருந்தாள். வாயில் குழாய், மூக்கில் குழாய் என்று நாள்கணக்கில் கிடந்தவர்களையும், வெளியே வராந்தாவில் நின்று எடுக்கலாமா வேண்டாமா என்று அடித்துக்கொண்ட பிள்ளைகளையும் பார்த்துப் பார்த்து அலுத்தவள். தன் விஷயத்தில் அந்தக் கூத்து நடக்கக்கூடாது என்று முடிவு கட்டியிருந்தாள். வீட்டை ஷோபாவுக்குப் பாதி, சுனிலுக்குப் பாதி என்று எழுதி ரிஜிஸ்டர் பண்ணியாயிற்று. அதில் யாருக்கும் மனக்குறை இல்லை. மிச்சம் இரண்டு வேலை. ஒன்று, அம்மாவுடைய பாத்திரங்களைப் பிரிப்பது. இன்னொன்று, ஆஸ்பத்திரிப் பத்திரம்: தான் பேச முடியாமல் போனால் தனக்காகப் பேசப்போவது யார் என்று எழுதி, நாளைக்கு நோட்டரியிடம் கையெழுத்துப் போடுவது. அந்த இடத்தில் ஷோபாவின் பெயர்தான் வரும் என்பது தெருவுக்கே தெரியும். புருஷன் போனதிலிருந்து ஒன்பது வருஷமாக அக்காவுக்குச் சோறு போட்டு, மாத்திரை கொடுத்து, கூடவே இருப்பவள் அவள்தானே. ஷோபாவுக்கும் அதில் ஒரு பெருமை. வீட்டில் பாதி வந்ததைவிட அந்த ஒரு வரிதான் அவளுக்குப் பெரிது.

சரி, பரணில் என்ன ஒளிக்கிறாள்? மூன்று மாதத்துக்கு முன்னால் நடந்தது அது. காந்தாவுக்கு மூச்சு முட்டி ஐ.சி.யு.வில் சேர்த்தார்கள். மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, இனி அக்கா திரும்பமாட்டாள் என்று ஷோபாவின் மனசு சொல்லிவிட்டது. உடனே அடுத்த நினைப்பு பாத்திரத்துக்குப் போனது. எதிர்ச்சந்தில் ஒரு வீட்டில் பதினாறாம் நாளே அண்டாவுக்காக மருமகள்கள் மயிரைப் பிடித்துக்கொண்டதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். அண்ணி வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டால்? நம்ம ஜனத்துக்குப் பாத்திரத்தில் வெட்டின பெயர் போதும், அதற்கு மேல் பத்திரம் கேட்கமாட்டார்கள். அண்டா, தவலை, குத்துவிளக்கு, குடம் என்று பதினோரு சாமானை ஆட்டோவில் போட்டு அல்சூர் பஜாருக்குக் கொண்டுபோனாள். ஒரு கிழவர் உளியை வைத்துத் தட்டித் தட்டி, அம்மா பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயரை வெட்டிக்கொடுத்தார். அந்தச் சத்தத்தில் போன் அடித்தது கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஏழு தடவை கூப்பிட்டிருந்தார்கள்.

அவள் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. குழாய் போடலாமா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். அங்கே இருந்தது ரத்தினம்மாள் ஒருத்திதான். அக்காவுக்கு அது பிடிக்காது, மாஸ்க் மட்டும் வைத்துச் சாயங்காலம்வரை பாருங்கள் என்று, சொல்லி, கையெழுத்தும் போட்டிருக்கிறாள். சாயங்காலம் காந்தா கண் திறந்துவிட்டாள். எங்கேம்மா போயிட்ட என்று அண்ணி கேட்டபோது, சோமேஸ்வரர் கோயிலில் அக்கா பேருக்கு அர்ச்சனை என்று ஷோபா சொன்னாள். சொன்னதோடு விட்டாளா? பையில் எப்போதும் இருக்கிற குங்குமத்தை எடுத்து, அர்ச்சனைக் குங்குமம் என்று அக்காவின் நெற்றியிலும் வைத்தாள். அந்த நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருக்கும்.

காந்தா பிழைத்து வீட்டுக்கு வந்தாள். பாத்திரங்கள் சுவரைப் பார்த்தபடி பரண் ஏறின. மூன்று மாதம் ஷோபா பரணை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"என்னடி அங்கயே குடித்தனம் பண்ற? இறக்கு" என்றாள் காந்தா.

வேறு வழியில்லை. ஒவ்வொன்றாக இறக்கினாள். வெட்டின பக்கத்தைத் தன் பக்கமாகத் திருப்பித் திருப்பித் தரையில் வைத்தாள். ஆனால் பாத்திரம் வட்டமாயிற்றே, எத்தனை பேருக்கு எத்தனை பக்கம் திருப்புவது? காந்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அண்டாவைத் தன் பக்கம் இழுத்தாள். 'முனியம்மாள்' என்ற பழைய கறுத்த எழுத்துக்குப் பக்கத்தில் 'ஷோபா' பளபளவென்று இருந்தது. அக்காவின் விரல் அதன்மேல் ஒருமுறை போய் நின்றது. அடுத்து தவலை. அடுத்து விளக்கு. ஷோபாவுக்குப் பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொண்டால் தேவலை என்று இருந்தது.

ரத்தினம்மாள் குடத்தைக் கையில் எடுத்தாள். கழுத்தில் இருந்த புதுப் பெயரைப் பார்த்தாள். பிறகு கவிழ்த்து அடியைப் பார்த்தாள். அங்கே ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்தி, அவள் பெயரின் முதல் இரண்டு எழுத்து. கே.ஜி.எஃப். தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த அவள் அப்பா, கல்யாணச் சீராகக் கொடுத்த குடம் அது. வந்த வருஷமே மாமியார் சமையலறைக்குப் போய், நாற்பது வருஷத்தில் எல்லாருக்கும் அம்மாவுடைய குடமாகிவிட்டது. அந்தப் புள்ளிகளை ஷோபா கவனிக்கவே இல்லை. அண்ணி வாரிக்கொண்டு போய்விடுவாள் என்று பயந்து, அண்ணியுடைய குடத்திலேயே தன் பெயரை வெட்டியிருக்கிறாள்.

 காந்தா கண்ணாடியைக் கழற்றினாள்.

"நான்தான் ரத்தினம் வெட்டச் சொன்னேன். குடம் உன்னுதுன்னு எனக்கே மறந்துபோச்சு. நீ எடுத்துட்டுப் போ."

"அதனால இன்னாக்கா, பேருதானே" என்று சொல்லி, ரத்தினம்மாள் குடத்தை மடியிலேயே வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, டீ போட்டுக் கொண்டுவருகிறேன் என்று எழுந்து சமையலறைக்குப் போனாள்.

அக்கா தனக்காகப் பொய் சொன்னது ஷோபாவுக்கு அறை விழுந்ததைவிட அதிகமாக வலித்தது. திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பாள்.

"என்னைக்குடி வெட்டின?" காந்தா குரலைத் தணித்துக் கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை."

"எந்த வெள்ளி?"

ஷோபா தவலையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தாள். காந்தாவின் கை தானாக நெற்றிக்குப் போய், அங்கே இப்போது இல்லாத எதையோ தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கியது. ஷோபாவால் அதற்குமேல் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தலையணைக்கு அடியிலிருந்து காந்தா அந்தப் பத்திரத்தை எடுத்தாள். கன்னடத்தில் அச்சடித்தது. எல்லா இடமும் நிரப்பியிருந்தது, ஒரு வரியைத் தவிர.

"என் கை நடுங்குது. நீயே எழுது. யார் பேருன்னு நான் சொல்லமாட்டேன்."

ஒன்பது வருஷமாக அவளுடையது என்று அவள் நினைத்திருந்த வரி அது. எழுதினால் அக்கா தடுக்கமாட்டாள், அதுவும் ஷோபாவுக்குத் தெரிந்தது. இனி ஒருநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் வந்து கேட்பார். அன்றைக்குத் தன் மனசு எந்தப் பஜாரில் இருக்கும் என்று அவளுக்கே நிச்சயமில்லை. பேனாவை வாங்கினாள். கார்ப்பரேஷன் ஸ்கூலில் படித்த கன்னடத்தில், ஒவ்வொரு எழுத்தாக, ரத்தினம்மாள் என்று எழுதினாள். காந்தா பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

டீயோடு வந்த ரத்தினம்மாளுக்கும் கன்னடம் படிக்கத் தெரியும். டம்ளரை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தவள் திடுக்கிட்டுப் போனாள்.

"இன்னா ஷோபா இது? கூடவே இருக்கிறவ நீ. உன் பேரு இல்ல போடணும்?"

"அன்னைக்கு நான் கோயிலுக்குப் போகல அண்ணி." ஷோபா பேனாவைக் கீழே வைத்தாள். "பாத்திரக் கடையில இருந்தேன். அக்கா வெட்டச் சொல்லல. நானேதான் போனேன்."

ரத்தினம்மாள் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கோபம் எதுவும் முகத்தில் தெரியவில்லை.

"தெரியும்மா. முந்தானையெல்லாம் பித்தளைத் தூளு ஒட்டிக்கினு இருந்துச்சே. அக்கா கண்ணுல படக்கூடாதுன்னு உள்ள போறதுக்கு முன்னாடி நான்தானே தட்டிவிட்டேன்."

ஷோபாவுக்கு அந்தக் கை ஞாபகம் வந்தது. ஐ.சி.யு. வாசலில் அண்ணி அவள் தோளையும் முந்தானையையும் இரண்டு மூன்று தடவை தட்டினாள். தைரியமாக இரு என்று சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, அன்றைக்கு ஷோபா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.