கதவை மூடுங்க, இன்னும் முடியல

சினிமா டிக்கெட் கைக்கு வந்ததுமே மாமியார் என்னை இழுத்துக்கொண்டு ஓடினார். "நடடி சுகிர்தா. பேரு போடறப்பவே உக்காந்திருக்கணும்னு எம்புள்ள சொல்லுவான்ல?"

நெரவியிலிருந்து காரைக்கால் வரும்வரை பஸ்ஸில் பயந்துகொண்டே வந்தது நான்தான். கணவர் இறந்து இன்னும் வருடத் தெவசம்கூட வரவில்லை. "ஊரு என்ன சொல்லும் அத்தை?" என்றதற்கு, "ஊரா டிக்கெட் எடுத்துக் குடுத்துச்சு?" என்றார்.

என் கணவர் முருகானந்தத்துக்கு ஒரே ஒரு இயக்குநர்மேல் பைத்தியம். அந்த இயக்குநரின் படங்களிலோ பைத்தியங்கள் மட்டும்தான். ஒருவன், அம்மாவின் மூக்குத்தி விழுந்த குளத்தை ஆயுள் முழுக்க இறைக்கிறான். இன்னொருத்தி, கடல் தின்னும் சுவரை மறுபடி மறுபடி எழுப்புகிறாள். எல்லாப் படத்திலும் எங்காவது ஒரு பச்சை பிளாஸ்டிக் வாளி வரும். அதைக் கண்டதும் இவர் விசிலடிப்பார். எல்லாப் படமும், அந்த ஆள் நமக்கு முதுகு காட்டி நடந்து போவதில் முடியும்.

"பைத்தியமெல்லாம் இல்ல சுகி. தேடறத விட்டுட்டா போனது போனதாயிடும். அதான் விட மாட்டேங்கறாங்க. ஒருநா ஒருத்தர் திரும்பிப் பாப்பாங்க பாரு."

"உங்க டைரக்டரா? செத்தாலும் திருப்ப மாட்டாரு," என்பேன்.

அந்தச் சண்டை தீர்வதற்குள் இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். இது அந்த இயக்குநரின் அடுத்த படம். அந்தச் சண்டையில் நான் தோற்க வேண்டுமென்றே வந்திருந்தேன்.

படத்தில் ஒரு தங்கை, கரை திரும்பாத அண்ணனின் படகைத் துறைமுகம் துறைமுகமாகத் தேடுகிறாள். கண்ணில் படும் படகையெல்லாம் தொட்டுப் பார்க்கிறாள். மீன் ஏலம் நடக்கும் காட்சியில் அத்தை எழுந்தே விட்டார். "வாளிடி! பச்ச வாளி!"

பின்னாலிருந்து ஒரு குரல்: "உக்காருங்க ஆயா, வாளி எங்கயும் ஓடிடாது."

"நீ சும்மா இருடா. ஒனக்கு என்ன தெரியும் இந்தாளு படத்தப் பத்தி?"

நானும் இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினேன். வெறும் காற்றுதான் வந்தது.

கடைசியில் அந்தத் தங்கை மணலில் நடக்கத் தொடங்கினாள். முதுகு. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அப்போது பக்கத்துக் கதவு திறந்தது. எங்கள் தியேட்டரில் அதுதான் வழக்கம். படம் முடியப் போகிறதென்றால் வாசல்காரர் கருப்பையன் கதவைத் திறந்துவிடுவார், சனம் எழுந்துவிடும், மதிய வெயில் திரைமேல் விழுந்து படமே வெளுத்துப்போகும். ஒவ்வொரு முறையும் ஓடிப்போய்ச் சண்டை போட்டு அதை மூட வைப்பவர் என் கணவர்தான்.

நான் ஓடினேன், யார் யார் காலையோ மிதித்துக்கொண்டு. "கதவ மூடுங்க! இன்னும் முடியல!"

கருப்பையன் திகைத்துப் பார்த்தார். "முருகானந்தம் சார் வீட்டம்மாவா?"

"தள்ளுங்கண்ணே!"

இருவரும் சேர்ந்து தள்ளினோம். தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். அது விழுந்து இருட்டு கவிந்த கணத்தில், என் முதுகுக்குப் பின்னால் தியேட்டரே ஓவென்று கத்தியது.

"சுகிர்தா! திரும்பிப் பாத்துட்டாடி!"

திரும்பினேன். திரையில் பெயர்கள் ஏறிக்கொண்டிருந்தன. அந்த வெளிச்சத்தில், முன் இருக்கையை ஒரு கையால் பற்றியபடி, நனைந்த முகத்தோடு நின்றிருந்தார் அத்தை. மறு கையின் இரண்டு விரல்கள் வாயில் இருந்தன.