வண்டு வளர்த்தவர்

அக்கா பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து என் மேஜைமேல் வைத்தாள். உள்ளே ஏரித் தண்ணீர், ஆறிப்போன டீயின் நிறத்தில் இருந்தது. மூடியைச் சரியாகத் திருகவில்லை போலிருக்கிறது, அடியில் ஓர் ஈர வட்டம் படர்ந்தது. நான் பதறிப்போய்ப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கைக்குட்டையால் மேஜையைத் துடைத்தேன். அருங்காட்சியகத்தின் மேல்மாடியில், உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டி அலமாரி அலமாரியாக அடுக்கி வைத்திருக்கும் அறை அது. ஈரம் வந்தால் பூஞ்சை வரும், தின்பண்டம் வந்தால் எறும்பும் அதன் பின்னாலேயே வண்டும் வரும். அதனால் அங்கே நானும் டீ குடிப்பதில்லை, மற்றவர்களையும் குடிக்க விடுவதில்லை. ஒருமுறை நனைந்த குடையோடு வந்த இயக்குநரையே வாசலில் நிறுத்தி வைத்துவிட்டேன். அந்தக் கதை கட்டடம் முழுக்கச் சுற்றி, கடைசியில் எனக்கு ‘மாமியார்’ என்ற பட்டப்பெயரை வாங்கிக் கொடுத்தது. கல்யாணமே ஆகாதவளுக்கு அது கொஞ்சம் அதிகம்தான்.

“துடைச்சது போதும், தண்ணியப் பாரு,” என்றாள் அக்கா. “இதுல மீன் எப்படி இருக்கும், நீயே சொல்லு.”

அக்காவும் மாமாவும் ஏரியில் மீன் பிடித்துப் பிழைப்பவர்கள். சில வருடங்களுக்கு முன்பு, நல்லது செய்வதாக நினைத்துத்தான், அரசாங்கத்தார் இயந்திரங்களை இறக்கி ஏரியை ஆழப்படுத்தினார்கள். அள்ளிய சேற்றோடு சின்ன அல்லியின் விதையும் கிழங்கும் லாரி ஏறிப் போய்விட்டன. கரையோரத் தண்ணீரை இலையால் மூடிக் கிடந்த செடி அது. மீன்கள் அதன் நிழலில்தான் முட்டையிடும், குஞ்சுகள் அதன் தண்டுகளுக்குள்தான் ஒளிந்து வளரும். செடி போன பிறகு தண்ணீர் தெளியவே இல்லை, மீனும் தங்கவில்லை. வேறு ஏரிகளிலிருந்து அதே அல்லியைக் கொண்டுவந்து நட்டுப் பார்த்தார்கள். இந்த ஏரித் தண்ணீரில் லேசாக உப்புக் கரிக்கும். வந்த செடிகளுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் வேர் அழுகி மிதந்தன. தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருந்து பழகிய செடிதான் வேண்டும், அது இப்போது பூமியில் எங்கும் உயிரோடு இல்லை என்று ஓர் ஆராய்ச்சியாளர் சொல்லிவிட்டார். நீர்ச்செடிகளைப் படிப்பவர் அவர். அக்கா அவரைத் ‘தண்ணிச்செடித் தம்பி’ என்றுதான் சொல்வாள்.

உயிரோடு இல்லையே தவிர, என் அலமாரியில் இருந்தது. பல வருடங்களுக்கு முன்பு அந்த ஏரியில் பறித்துக் காயவைத்து ஒட்டிய அல்லித் தாள்கள். தாளின் மூலையில் ஒரு சின்னக் காகித உறை ஒட்டியிருக்கும். செடியிலிருந்து உதிர்வது எதுவானாலும், இதழோ விதையோ வெறும் தூளோ, தூக்கி எறியாமல் அந்த உறையில் போட்டு மடித்து வைப்பது எங்கள் வழக்கம். அந்த உறைகளில் இருக்கும் விதைகளைக் கேட்டுத்தான் தண்ணிச்செடித் தம்பி எனக்கு எழுதியிருந்தார். தர இயலாது என்று நான் பதில் போட்டுவிட்டேன். அந்தத் தாள்களைக் காப்பவள் தன் கூடப்பிறந்த தங்கை என்று அக்கா அவரிடம் வாய்விட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு அவளால் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

இல்லை என்று சொல்வதுதான் என் வேலையில் பாதி. ஒருவர் இலையில் ஒரு துண்டு கேட்பார், இன்னொருவர் மகரந்தம் கேட்பார், எல்லாருக்கும் நியாயமான காரணம் இருக்கும். எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டே போனால் கடைசியில் வெறும் தாள்தான் மிஞ்சும். எடுத்தது எதுவும் திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளாது. யாருக்காக இவ்வளவு கட்டிக் காக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், நாளைக்கு வரப்போகிறவர்களுக்காக என்று பெருமையாகச் சொல்வேன். அப்படி ஒருத்தி வந்து, என் எதிரில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பாட்டிலின் மூடியை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

மாமா ஒரு கிடங்கில் காவல் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறாராம். அடுத்த பருவமும் வலை காலியாக வந்தால் படகைக் கொடுத்துவிட்டு நகரத்துக்குக் குடிவருவதாக முடிவாம். யாரோ அடுத்த வீட்டுக்காரர்களைப் பற்றிப் பேசுவதுபோல அக்கா அதைச் சொன்னாள். எங்கள் வீட்டில் ஒரு ராத்திரி தங்கினாலே, தண்ணீர்ச் சத்தம் இல்லாமல் காது அடைத்த மாதிரி இருக்கிறது என்று விடியும் முன்பே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறவள் அவள்.

சொந்த அக்கா விஷயத்தில் நானே முடிவெடுப்பது முறையில்லை என்று இயக்குநரிடம் போனேன். குடை விவகாரத்தை அவர் மறந்திருக்கவில்லை, ஆனால் மனதிலும் வைத்திருக்கவில்லை. உறைகளில் இருப்பதில் பாதிவரை கொடுக்கலாம், எந்தத் தாளிலிருந்து என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். இருப்பதிலேயே நல்ல தாள்களாக எடுத்தேன். இலை ஒரு பொத்தல் இல்லாமல், நரம்புகூடக் கலையாமல், நேற்றுப் பறித்த மாதிரி இருக்கும் தாள்கள். ஒவ்வொன்றிலும் சிவப்பு முத்திரை இருந்தது. அந்தக் காலத்தில் வண்டு அரிக்காமல் இருக்கச் செடியைப் பாதரசம் கலந்த விஷ மருந்தில் நனைத்து எடுத்துத்தான் ஒட்டுவார்கள், நனைத்ததற்கு அடையாளம் அந்த முத்திரை. விதைகளைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புவதுபோல ஆயிரம் பத்திரம் சொல்லித் தண்ணிச்செடித் தம்பியிடம் கொடுத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. ஊறவைத்ததும் உப்பி, கூழாகிவிட்டன என்று போனில் சொன்னார். குரல் கம்மியிருந்தது. வேறு தாள் இருக்கிறதா என்று கேட்கவே தயங்கினார்.

இருந்தது. வண்டு வளர்த்தவருடைய தாள்கள்.

எனக்குப் பல வருடங்கள் முன்பு இந்தச் சேகரத்தைப் பொறுப்பில் வைத்திருந்தவர் ஒருவர் உண்டு. நான் வேலைக்கு வருவதற்குள் அவர் காலமாகிவிட்டார். அவர் காலத்துத் தாள்கள் எல்லாம் ஒழுங்குதான், ஒரே ஒரு வருடத்துக் கட்டுகளைத் தவிர. அந்த வருடத்துத் தாள் எதிலும் சிவப்பு முத்திரை இல்லை. மருந்தே காட்டவில்லை. அதனால் வண்டு வந்து விருந்து சாப்பிட்டிருந்தது. இலைகள் சல்லடை, பூக்கள் பொடி. எங்கே புதிதாக வண்டு தென்பட்டாலும் அந்தக் கட்டுகளில்தான் முதலில் தென்படும். அவற்றை ஃப்ரீசரில் வைத்து எடுத்து, தட்டி, பூச்சிப் பொறி வைத்து என்று என் உழைப்பில் பாதி அந்த ஒரு வருடத்துக்கே போயிருக்கிறது. ‘வண்டு வளர்த்தவர்’ என்று நான்தான் அவருக்குப் பெயர் வைத்தேன். ஒரு மனிதர் ஒரு வருடம் முழுக்கச் சோம்பிக் கிடந்தால், பின்னால் வருகிறவர் காலமெல்லாம் அழ வேண்டியிருக்கிறது என்று வீட்டிலும் புலம்புவேன். அம்மா பாதி காதில் வாங்கிக்கொண்டு, சரி சாப்பிட வா என்பாள்.

அந்தக் கட்டில் ஏரி அல்லி ஒரே ஒரு தாள் இருந்தது. அதன் உறையை நான் திறந்ததே இல்லை, அவசியமில்லாமல் உறையைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் விதி. அன்று திறக்கப் போனவள் கையை நிறுத்திவிட்டேன். உறையின் வாய் இரண்டு முறை மடித்து, மூலையைக் குறுக்காகத் திருப்பி உள்ளே செருகியிருந்தது. அந்த மடிப்பு எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் மாத்திரைப் பொட்டலம் முதல் பொத்தான் பொட்டலம் வரை எல்லாம் அப்படித்தான் மடிந்திருக்கும். அம்மா கல்யாணமான புதிதில் இங்கே செடி ஒட்டும் வேலை பார்த்தாள் என்பது தெரிந்ததுதான், அக்கா பிறந்ததும் வேலையை விட்டுவிட்டாள். அம்மா ஒட்டியதை மகள் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்று எங்களுக்குள் ஒரு வேடிக்கைப் பேச்சும் உண்டு. ஆனால் அவள் விரல் மடித்த மடிப்பை, அத்தனை வருடம் கழித்து, என் விரலால் பிரிப்பேன் என்று நினைத்ததில்லை.

உள்ளே பெரும்பாலும் வண்டின் எச்சம்தான். அதற்கு நடுவே மிளகைவிடச் சின்னதாக, கறுப்பாக, கல்போன்ற தோலோடு கொஞ்சம் விதைகள் முழுசாகக் கிடந்தன. வண்டின் பல்லுக்கு அந்தத் தோல் மசியவில்லை. அதில் பாதியைக் கொடுத்தால் ஒரு சோதனைக்குக்கூடக் காணாது. நான் மறுபடி இயக்குநர் அறைக்குப் போய், இரண்டே இரண்டு விதையை மட்டும் உறையில் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கொடுக்க அனுமதி கேட்டேன். நீங்களா கேட்கிறீர்கள் என்றார் அவர். நான்தான் என்றேன். முளைக்காவிட்டால் அக்காவுக்கு ஏரியும் இல்லை, அருங்காட்சியகத்துக்கு விதையும் இல்லை. வேண்டியவளுக்காக வாரிக் கொடுத்துவிட்டாள் என்ற பேச்சு மட்டும் எனக்கு மிஞ்சும்.

அதற்குப் பிறகு போன் அடிக்கும்போதெல்லாம் பகீர் என்றது. அக்கா ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. வழக்கமாக வாரம் தவறாமல் கூப்பிட்டு ஊர்வம்பு பேசுகிறவள், அம்மாவுக்கு உடம்பு எப்படி என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். மாமாவுக்குக் கிடங்கிலிருந்து ஆள் வந்தது என்று அம்மா மூலமாகத்தான் தெரிந்தது. ஒரு நாள் காலையில் தண்ணிச்செடித் தம்பி கூப்பிட்டார். மேடம், முளைச்சிடுச்சு என்றார். அலமாரிக் கதவில் சாய்ந்துகொண்டு கண்ணைத் துடைத்தேன். அந்த அறையில் ஈரம் கூடாது என்ற விதியை அன்று மீறியவள் நான்தான்.

அடுத்த விடுமுறையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். அக்கா வீட்டுக் கொல்லையில், தகரக் கூரை போட்ட இடத்தில் கண்ணாடித் தொட்டியை வைத்திருந்தார்கள். ஏரித் தண்ணீரை அப்படியே ஊற்றி, அந்த உப்பிலேயே முளைக்க வைத்திருந்தார் தண்ணிச்செடித் தம்பி. வண்டல் தெளிந்த தண்ணீரில் நகக்கண் அளவு இலைகள் மிதந்தன. எல்லாம் முளைக்கவில்லை, சிலதுதான். இவை விதை கொடுத்து, அவை பெருகி, ஏரியின் ஓர் ஓரமாவது பிடிக்க இன்னும் எத்தனையோ படி இருக்கிறது என்று தண்ணிச்செடித் தம்பி எச்சரித்தார். மாமா கிடங்குக்காரர்களிடம் இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருப்பதாகச் சொல்லிவிட்டு, தொட்டியைப் பார்க்காமல் தொட்டியின் சட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மற்ற விதைகளைக் கொன்றது அந்த விஷ மருந்துதான் என்றார் தண்ணிச்செடித் தம்பி. இந்த ஒரு தாள் மட்டும் மருந்து படாமல் தப்பியிருக்கிறது, இது எப்படி நடந்தது என்று என்னைக் கேட்டார். நான் வழக்கமான பாட்டை ஆரம்பித்தேன். அந்த வருடம் பொறுப்பில் இருந்தவர் ஒரு சோம்பேறி, வண்டு வளர்த்தவர் என்று நான் அவருக்குப் பெயரே வைத்திருக்கிறேன் என்று சொல்லிச் சிரித்தேன். நல்லவேளை சோம்பேறியாக இருந்தார் என்று அவரும் சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

“யாரச் சொல்றே? எங்க ஐயாவையா?” என்றாள்.

தன் பழைய மேலதிகாரி என்று அம்மா அவ்வப்போது நன்றியோடு சொல்லும் ஐயாவும், நான் நாளெல்லாம் திட்டும் வண்டு வளர்த்தவரும் ஒரே ஆள் என்பது அத்தனை வருடத்தில் எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

“அப்ப இவ என் வயித்துல இருந்தா,” என்று அம்மா அக்காவைக் காட்டினாள். “மருந்துல நனைச்ச செடிய நான்தான் கையில எடுத்து ஒட்டணும். அதுக்கு முன்னால ரெண்டு தடவ எனக்குத் தங்கல. மருந்தாலன்னு யாரும் சொல்லல, எனக்கும் தெரியாது. ஐயாகிட்ட நான் ஒண்ணும் கேக்கல. அவரா ஒரு நாள் வந்து மருந்து டின்ன எடுத்து அலமாரியில வெச்சுப் பூட்டினாரு. ‘செடிய வண்டு தின்னா தின்னுட்டுப் போகட்டும்மா, நீ வெறும் பசையில ஒட்டு’ன்னாரு. மேல இருக்கிறவங்க வந்து சத்தம் போட்டப்பவும், மறந்துட்டேன்னுதான் சொன்னாரு. இவ பொறந்து நான் வேலைய விடற வரைக்கும் அந்தப் பூட்டத் திறக்கல.”

பல வருடங்களாக நான் தட்டி எடுத்த தூள், வைத்த பொறி, சல்லடையான ஒவ்வொரு இலை, எல்லாம் கண் முன்னால் வந்தன. அவர் சோம்பேறி என்ற பெயரை வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார், உண்மை தெரியாமல் நானும் அதையே அவர் தலையில் கட்டியிருக்கிறேன். முகம்கூடத் தெரியாத அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது. அவர் இல்லாததால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். பசை ஒட்டி ஒட்டித் தேய்ந்த விரல்கள் என்று அவள் சொல்லிக்கொள்ளும் அந்த விரல்கள், சும்மா இருக்காமல் என் கைக்குட்டையின் மூலையை மடித்துக்கொண்டிருந்தன.

“அப்ப இதுவும் நானும் ஒரே வருஷமா?” என்று அக்கா கேட்டாள். குரல் அவளுடையதுபோல இல்லை.

“ஒரே வருஷம்தான். அது கொஞ்சம் லேட்டா எழுந்திருக்கு,” என்றாள் அம்மா.

அக்கா தொட்டியின் பக்கத்தில் குனிந்தாள். தொடப் போகிறாள் என்று நினைத்து, பழக்கதோஷத்தில், தொடாதே என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அவள் தொடவில்லை. கூரையின் ஓரத்திலிருந்து வெயில் சாய்வாக வந்து அவள் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. தன் நிழல் இலைகளின்மேல் கிடப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து, நிழல் தொட்டிக்கு வெளியே விழும்படி தள்ளி நின்றுகொண்டாள்.