இரண்டு புள்ளிகளுக்கு நடுவே

"பெஞ்சுக்கடியில போய்ப் பூந்துக்குவா. காலைப் புடிச்சு இழுத்தாத்தான் வெளிய வருவா," என்று சொல்லிவிட்டு அண்ணன் தானே முதல் ஆளாகச் சிரித்தார். அவர் நகைச்சுவைக்கு எப்போதும் அவரேதான் திறப்புவிழா நடத்துவார்.

தங்கையின் மகன் சிரித்தான். மருமகள் சிரிக்கலாமா வேண்டாமா என்று அத்தையின் முகத்தைப் பார்த்தாள். அத்தை, அதாவது அண்ணனின் தங்கை, முறத்தை மடியில் வைத்துப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். இந்தக் கதையைக் கேட்பது இது எத்தனையாவது தடவை என்று எண்ண ஆரம்பித்தால் முறத்திலிருந்த பட்டாணி போதாது. அவள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னார். மகன் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் சொன்னார். போன வருஷம் அண்ணி இறந்து, துக்கம் கேட்க வந்தவர்களிடமும் சொன்னார். பெண்டாட்டி போன வீட்டிலும் தங்கை பெஞ்சுக்கடியில் ஒளிந்ததைச் சொல்லிச் சிரிக்க ஒரு மனுஷனால் முடிகிறது என்றால், அதற்கும் ஒரு திறமை வேண்டும்தான்.

இன்றைக்கு மட்டும் அந்தக் கதைக்கு ஒரு வேலை இருந்தது.

அவள் இருப்பது மாடியில் இரண்டு அறை. கணவர் பெயரில் இருந்த வாடகை ஒப்பந்தம் அவரோடு போயிற்று. புதுசாக எழுதுவதா, காலி செய்வதா என்று கேட்டுப் போக வீட்டுக்காரர் நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் வெளியூரிலிருந்து மகனும் மருமகளும் வந்திருந்தார்கள். அண்ணனை யாரும் கூப்பிடவில்லை. அதனால்தான் எல்லாருக்கும் முன்னால் வந்து, நல்ல நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"நான் என்ன சொல்றேன்னா, என் வீட்டுல நாலு ரூம் சும்மா கிடக்கு," என்றார்.

"சும்மா கிடக்கா, பெருக்காம கிடக்கா?" என்றாள் தங்கை.

"பாத்தியாடா, நல்லதுக்குச் சொன்னா இவ வாயை!" மகனிடம் திரும்பினார். "நீயே சொல்லு. சின்ன வயசுலேர்ந்து நிழலைப் பாத்தா அலறுறவ. தனியா எப்படி இருப்பா? பூனை பாத்திரத்தை உருட்டினா என்ன பண்ணுவா?"

"பூனையை விரட்டுவேன்."

"மாமா சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கும்மா," என்றான் மகன்.

அவனுக்கு எல்லாவற்றிலும் ஒரு நியாயம் தெரியும். கடைசியாகப் பேசியவர் யாரோ அவர் பக்கம்தான் அன்றைய நியாயம். காலையில் மருமகள் பேசியபோது, "அம்மா இங்கயே இருக்கட்டும்" என்றிருந்தான்.

"முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரி இருட்டறையில எக்ஸ்ரே கழுவினவங்க அத்தை," என்றாள் மருமகள். "அங்க எல்லாரும் டார்க்ரூம் அம்மான்னுதானே கூப்பிடுவாங்க?"

"அங்க கூட நாலு பேர் இருந்திருப்பாங்கம்மா."

"நாலு பேர் வந்து வந்து கதவைத் திறந்தா ஃபிலிம் வீணாப்போயிடும்," என்றாள் தங்கை. "ஒரே ஆளுதான். செவப்பா ஒரு பல்பு. அதுவும் பாதி நாள் எரியாது."

அண்ணன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்குத் தேவையில்லாத விஷயங்கள் அவர் காதுக்குள் போனதே இல்லை. சமையல்காரம்மாள் வேலையை விட்டு நின்று மூன்று வாரம் ஆகிறது என்பதை மட்டும் அவர் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. தங்கைக்குத் தெரியும். சமையல்காரம்மாளே போன் செய்து, "நீங்களாவது வந்துடாதீங்கம்மா," என்று எச்சரித்திருந்தாள்.

"உனக்கு ஒண்ணு தெரியுமாம்மா?" அண்ணன் மருமகளைப் பிடித்துக்கொண்டார். புது ஆள் கிடைத்தால் விடமாட்டார். "எங்கப்பா சினிமாக் கொட்டகையில ஆபரேட்டர். ஒரு லீவு முழுக்க ஒரே பேய்ப்படம் ஓடிச்சு. இவ பெஞ்சுக்கடியில. நான் ஸ்டூல் மேல. நான்தான் அப்பாவுக்குப் புள்ளி பாத்துச் சொல்வேன். பதினோரு வயசு எனக்கு! கண்ணைக்கூட இமைக்க மாட்டேன்."

பட்டாணி உரித்த கை நின்றது.

பெஞ்சு, பயம், படுக்கையை நனைத்தது எல்லாவற்றையும் அவள் ஐம்பத்தேழு வருஷமாகப் பொறுத்துக்கொண்டிருந்தாள். ஆனால் இந்த ஸ்டூல் புதுசு. அண்ணியின் காரியம் முடிந்த பிறகுதான் கதைக்குள் ஸ்டூல் வந்தது. ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் உயரமாகிக்கொண்டும் வந்தது.

"புள்ளின்னா என்ன பெரியப்பா?" என்று மருமகள் கேட்டாள்.

"அது வந்து... திரையில வரும். ஒரு புள்ளி. அதைப் பாத்துட்டு மாத்தணும்."

"எதை மாத்தணும்?"

"எல்லாத்தையும்தான்," என்றார் அண்ணன்.

தங்கை முறத்தைக் கீழே வைத்தாள்.

"நான் சொல்றேன்," என்றாள். "ஒரு படம் முழுசும் ஒரே சுருள்ல இருக்காது. கேபின்ல ரெண்டு மெஷின். ஒண்ணுல ஒரு சுருள் ஓடி முடியறப்போ, அடுத்ததுல அடுத்த சுருள் ஆரம்பிக்கணும். முடியப்போவுதுன்னு எப்படித் தெரியும்? திரையோட வலது மூலையில, மேல, ஒரு புள்ளி வரும். பொட்டு மாதிரி. கண்ணை ஒரு தடவை சிமிட்டினா போச்சு, அவ்வளவு நேரம்தான் இருக்கும். முதல் புள்ளிக்கு ரெண்டாவது மெஷினை ஓட விடணும். ஏழெட்டு செகண்ட் கழிச்சு இன்னொரு புள்ளி. அதுக்குப் படத்தை இதுலேர்ந்து அதுக்கு மாத்தணும். கீழே உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தெரியவே கூடாது. அதான் ஆபரேட்டர் வேலை."

"அதைத்தானே நானும் சொன்னேன்," என்றார் அண்ணன்.

"மிச்சத்தையும் சொல்லட்டுமா?"

அவர் முகத்திலிருந்த சிரிப்பு இறங்கியது. "என்ன மிச்சம்? ஒண்ணும் மிச்சம் இல்ல."

"சொல்லட்டுமான்னுதானே கேட்டேன்."

"அப்பாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கே நீ! ஞாபகம் வச்சுக்கோ!"

மருமகள் மெதுவாக அண்ணன் பக்கம் திரும்பினாள். மகன்கூடத் திரும்பிவிட்டான்.

"என்ன சத்தியம் மாமா?"

தானே கதவைத் திறந்து கொடுத்துவிட்டோம் என்பது அண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. கைக்குட்டையை எடுத்து, வேர்க்காத கழுத்தைத் துடைத்துக்கொண்டார். தங்கை சொல்ல ஆரம்பித்தாள்.

அப்பாவுக்குப் பெரிய மீசை. அவர் செருமினால் வீட்டில் பல்லிகூட நகராது. அப்படிப்பட்ட மனுஷர் அந்தப் படத்தின் முதல் நாள் மேட்னியில் மண்ணைக் கவ்வினார். படத்தில் ஓர் அலமாரி. அதன் கதவு திறக்கும். வெள்ளையாக ஒரு கை வரும். கைக்குப் பின்னால் ஒரு பெண், முதுகைக் காட்டியபடி. அவள் திரும்பப் போகிறாள் என்கிற இடத்தில்தான் முதல் புள்ளி. முகம் முழுசாகத் தெரிந்து, அவள் கேமராவை நோக்கி நடந்து வருகிற இடத்தில் இரண்டாவது புள்ளி. படம் எடுத்த புண்ணியவான் சுருளை வேறு எங்கேயும் வெட்டியிருக்கக் கூடாதா?

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். புள்ளி வந்தது, போனது. சுருள் ஓடி முடிந்து திரை வெள்ளையாக நின்றது. ஆயிரம் பேர் விசிலடித்தார்கள். மேனேஜர் மூச்சு வாங்க மாடியேறி வந்து, "தூங்குறியாய்யா?" என்று கத்தினார். "ஆமாங்க, அசந்துட்டேன்," என்றார் அப்பா. பயந்துவிட்டேன் என்பதைவிடத் தூங்கிவிட்டேன் என்பது அவருக்கு மரியாதையாக இருந்தது.

மறுநாள் அண்ணனை ஸ்டூலில் ஏற்றினார். சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்துப் புள்ளி வந்ததும் சொல்ல வேண்டும். அண்ணன் அலமாரிக் கதவு திறந்ததுமே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "புள்ளி! புள்ளி!" என்று இரண்டையும் சேர்த்துக் கத்தினான். அப்பா மாற்றிவிட்டார். பேய் முகம் காட்டாமலே அடுத்த காட்சியில் ஒரு போலீஸ்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். மேனேஜர் மறுபடியும் மாடியேறினார். "பேய் எங்கய்யா? சனம் பேயைப் பாக்கத்தானே வந்திருக்கு! போலீஸ்காரன் டீ குடிக்கறதையா பாக்க வந்திருக்கு?"

மூன்றாம் நாள், அம்மா தொழிற்சாலைக்குப் போய்விட்டதால் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தவள் தங்கை. எட்டு வயது. அப்பா அவளைத் தூக்கி ஸ்டூலில் வைத்தார்.

"ஆறு வாரம்," என்றாள் தங்கை. "தினம் மேட்னி. நான் பாத்தேன். அப்பா மெஷினைப் பாத்துக்கிட்டு நிப்பாரு. இவரு பெஞ்சுக்கடியில காதைப் பொத்திக்கிட்டு இருப்பாரு. 'வெளிய மூச்சு விடாதம்மா, ஆபரேட்டரே பயந்தான்னா வேலை போயிடும்'னாரு அப்பா. தலையில கையை வச்சு சத்தியம் வாங்கிக்கிட்டாரு. மீசையெல்லாம் அன்னைக்கு எங்க போச்சோ."

"செத்துப்போனவரைப் பத்தி இப்படிப் பேசறியே!" என்றார் அண்ணன்.

"உயிரோட இருக்கிறவரைப் பத்தியும் பேசறேன். அவசரப்படாத."

"நீ பயப்படலயா? சொல்லு. படுக்கையை நனைக்கல? துணியெல்லாம் நாற்காலியில போட்டு வைக்கல? அலமாரிப் பக்கமே போக மாட்டியே!"

"பயந்தேன். நல்லாவே பயந்தேன். நனைச்சேன். நீ தெரு முழுக்கச் சொல்லிட்டு வந்தே. அலமாரிக்குப் பின்னால நின்னு தட்டுவே. எல்லாம் நெஜம்தான். பயந்துக்கிட்டே மறுநாள் போய் ஸ்டூல்ல ஏறினேன். நீ கீழ படுத்துக்கிட்டே. இதுதான் வித்தியாசம், வேற ஒண்ணும் இல்ல."

ஆறாவது வாரம் நடந்ததை அவள் சொல்லவில்லை. இமைக்காமல் பார்த்துப் பார்த்து அந்த முகத்தைவிட்டு மற்ற இடங்களிலும் கண் போகத் தொடங்கியிருந்தது. ஒருநாள் பேயின் மேல்கையில், வெள்ளைப் பூச்சுக்கு அடியில், அம்மைத் தடுப்பூசித் தழும்பு தெரிந்தது. அவள் கையிலும் அதே இடத்தில் அதே தழும்பு. வரிசையில் நின்று, ஊசிக்கு அழுது, ஒரு மிட்டாய் வாங்கிக்கொண்டு போன பேய். முகத்தில் பூசிய மாவு கண்ணில் விழுந்து, பாவம், ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் நடந்து வந்தது. அன்றோடு பேயின்மேல் அவளுக்கு இருந்த மரியாதை போயிற்று. அந்த ஸ்டூலில் உட்கார வைத்தவர்மேல் இருந்ததும் பாதி போயிற்று. பெஞ்சுக்கடியில் இருந்தவர்மேல் முதலிலிருந்தே பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை.

"சும்மா கட்டிவிடறா," என்று அண்ணன் மகனைப் பார்த்தார். "நான்தான் பாத்தேன். ஐம்பது வருஷத்துக்கு முந்தினது, இவளுக்கு எங்க ஞாபகம் இருக்கப்போவுது?"

"சரி. நீதான் பாத்தே," என்றாள் தங்கை. "முதல் புள்ளிக்கும் ரெண்டாவது புள்ளிக்கும் நடுவுல என்ன வரும்? அதை மட்டும் சொல்லிடு. நான் இன்னைக்கே பெட்டியைக் கட்டறேன்."

"என்னம்மா இது!" என்றான் மகன் பதறிப்போய்.

"நீ சும்மா இரு. அவர் சொல்லட்டும்."

அண்ணன் வாயைத் திறந்தார். "கை வரும்," என்றார்.

"கை முன்னாடியே வந்துடும்."

"அப்புறம்... ரத்தம்."

"கறுப்பு வெள்ளைப் படம்."

"பல்லு. ரெண்டு பல்லு. நீளமா."

மருமகள் வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். தொடையில் விழுந்த தூசியைத் தட்டுவதுபோல அண்ணன் எதையோ தட்டினார். அங்கே தூசி இல்லை.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. வீட்டுக்காரர். கையில் தாளும் பேனாவும்.

"என்ன முடிவு பண்ணினீங்க தம்பி?" என்று மகனிடம் கேட்டார்.

மகன் மாமாவைப் பார்த்தான். மாமா ஜன்னலைப் பார்த்தார். மகன் பெண்டாட்டியைப் பார்த்தான். பிறகு, இன்னும் ஒருவர் அறையில் இருப்பது நினைவு வந்தவனாக, "நீ என்னம்மா சொல்றே?" என்றான்.

"பரவாயில்லையே, எங்கிட்டயும் கேக்கணும்னு தோணிச்சே உனக்கு," என்றாள். வீட்டுக்காரரிடம், "என் பேருல எழுதுங்க," என்றாள்.

"பையன் கையெழுத்துப் போட்டா நல்லதுன்னு..."

"பையன் வெளியூர்ல இருக்கான். குழாய் ஒழுகினா உங்க வீட்டுக் கதவைத் தட்டப்போறது நான். யாரு கையெழுத்து நல்லது, சொல்லுங்க?"

வீட்டுக்காரர் யோசித்தார். அவருக்கு யோசிக்கத் தெரிந்திருந்தது. அந்த அறையில் அன்று அது அபூர்வம். பேனாவை அவளிடம் நீட்டினார். பட்டாணித் தோல் ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு இடத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். "பாத்ரூம் பல்பு போயிருக்கு, மாத்திக் கொடுங்க," என்றும் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார்.

அண்ணன் எழுந்தார். யாரும் இருக்கச் சொல்லவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது ஒரு காலைத் தேடிக்கொண்டு வெகுநேரம் நின்றார். செருப்பு காலடியிலேயே கிடந்தது. தங்கை கதவருகே வந்து நின்றாள், தாழ்ப்பாள் போட.

"ஏய்," என்றார் குரலை இறக்கி. மகனும் மருமகளும் உள்ளே இருந்தார்கள். "நெஜமாவே கேக்கறேன். அது திரும்பினப்புறம்... எப்படி இருக்கும்? ரொம்பக் கோரமாவா?"

ஐம்பத்தேழு வருஷமாகப் பார்க்காத அந்த முகத்தை இந்த மனுஷர் எப்படியெல்லாம் கற்பனை செய்துகொண்டிருப்பார் என்று அவள் ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். ஒரே ஒரு வார்த்தை போதும். ஊசித் தழும்பு என்று சொன்னால் போதும், அவர் இன்று நிம்மதியாகத் தூங்குவார்.

"வேண்டாம்ண்ணே," என்றாள். "தனியா இருக்கிறவன் நீ."

கதவைச் சாத்தினாள்.