அண்ணனுக்கு வைத்த வெற்றிலை

ரங்கராஜுக்கு வெற்றிலை இல்லாமல் பேச்சு வராது. பீளமேட்டில் ஒரு மில்லில் அவன் ஸ்பின்னிங் மாஸ்டர். மெஷின் இரைச்சலில் காலடிச் சத்தம் யாருக்குக் கேட்கும்? புகையிலை வாசம் வந்தால்தான் மாஸ்டர் வருகிறார் என்று ஆட்கள் நிமிர்ந்து நிற்பார்கள். காய்ச்சலில் படுத்தால்கூடக் கஞ்சிக்கு முன்னால் வெற்றிலைப் பெட்டியைத் தேடுகிற ஆள். அப்படிப்பட்டவன் 1961ஆம் வருஷம் ஐப்பசியில் பிலிப்பைன்ஸ் போய்விட்டு, அந்தப் பெட்டியைத் திறக்க முடியாதவனாகத் திரும்பி வந்தான்.

போனது மில் காரியமாக. மணிலாவில் நூற்பாலைக்காரர்கள் கூட்டம், பத்து நாள். தீபாவளிக்கு ஊரில் இருக்க முடியாது என்று முதலாளி சொன்னபோதே அவன் மறுத்திருக்கலாம். இருபது வருஷத்துக்கு முன் அந்த நாட்டிலிருந்து வந்த ஒரு கடிதம் அவனை மறுக்க விடவில்லை.

அவன் அண்ணன் சென்னகிருஷ்ணன் நாற்பதாம் வருஷம் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போனான். மனைவி அம்புஜம் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. மணிலாவில் ஒரு சிந்திக்காரரின் துணிக்கடையில் சேர்ந்தான், கைத்தறித் துணி வாங்க வடக்கே விகான் என்ற ஊருக்குப் போனான். அங்கிருந்து எழுதியதுதான் கடைசிக் கடிதம்: மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு நெசவுக்கார வீட்டில் தங்கியிருக்கிறேன், குழந்தை வெங்கடலட்சுமியின் காது குத்துக்கு வந்துவிடுவேன். அடுத்த மாதமே ஜப்பான்காரன் அங்கே குண்டு போட்டான். அத்தோடு சரி.

காணாமல் போனவனுக்குப் பன்னிரண்டு வருஷம் பார்த்துவிட்டு, தர்ப்பையில் உருவம் செய்து எரித்துக் கருமாதி முடிப்பது வழக்கம். அம்புஜம் விடவில்லை. "உசுரோட இருக்கற மனுசனுக்குக் கொள்ளி வெக்கறீங்களா?" என்று மாமனாரையே கேட்டாள். பூவும் பொட்டுமாகவே இருந்தாள். ஊர் முதலில் பாவம் என்றது, அப்புறம் சிரித்தது, அப்புறம் மறந்துபோனது. ஊருக்கு வேறு வேலை இல்லையா என்ன.

ஆனால் ரங்கராஜ் மணிலா போவதற்கு முந்தின புரட்டாசி அமாவாசையன்று, முன்னோருக்கு வைத்த சோற்றைக் காகம் தொடவில்லை. ஏழெட்டுக் காகங்கள் மதில் மேல் வந்து உட்கார்ந்தன. சோற்றைப் பார்த்தன, அம்புஜத்தைப் பார்த்தன, எழுந்து போய்விட்டன. மூன்று மணிவரை வீட்டில் ஒருவரும் சாப்பிடவில்லை. கடைசியில் எறும்பு தின்றது அந்தச் சோற்றை.

ரங்கராஜ் புறப்படுகிற அன்று அம்புஜம் அவனைத் தனியே கூப்பிட்டாள். அவளை அவன் வதினா என்றுதான் கூப்பிடுவான்; வீட்டில் தெலுங்கு, வாசல் தாண்டினால் கோயமுத்தூர்த் தமிழ், பாதி நேரம் இரண்டும் கலந்து. வெங்கடலட்சுமிக்குக் கார்த்திகை இருபதாம் தேதி கல்யாணம். அச்சாகி வந்த பத்திரிகைகளில் முதல் ஒன்றை எடுத்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி அவன் கையில் வைத்தாள்.

"உசுரோட இருந்தா இத வெச்சுக் கூப்புடுங்க தம்பி. புள்ள கண்ணாலத்துக்கு அப்பன் வரோணுமில்லீங்களா?" அவன் கையிலிருந்த பத்திரிகையை ஒரு தரம் நேராக்கினாள். "இல்லீன்னா... நான் புடிவாதம் புடிச்சதுல இத்தன வருசமா ஒரு புடி சோறு அவருக்கு வெக்கலீங்க. பசியோட எங்க நின்னுட்டிருக்காரோ. எனக்கு அது தெரிஞ்சே ஆகோணும். சேதி எதுவானாலும் எங்கிட்ட மட்டும் சொல்லிப்போடுங்க."

வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். ரங்கராஜ் விகானில் அந்த வீட்டுக்குப் போனது வாயால் அல்ல, முகத்தால். மணிலாவிலிருந்து இரவு முழுக்க பஸ்ஸில் வந்து, நவம்பர் இரண்டாம் தேதி காலையில் இறங்கினான். ஜட்கா மாதிரி ஒரு குதிரை வண்டி நின்றது. வண்டிக்காரக் கிழவர் இவனைப் பார்த்ததும் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். எங்கே போகவேண்டும் என்று கேட்கவில்லை. இவன் ஏறி உட்கார்ந்ததும் வண்டி தானாகக் கிளம்பியது.

மணிலா யுத்தத்தில் இடிந்து மறுபடி எழும்பிய ஊர். விகானோ இடியாமல் தப்பியது. ஸ்பானியர் காலத்து வீடுகள், கீழே செங்கல், மேலே மரம். ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் சிப்பி ஓட்டைத் தேய்த்துப் பதித்திருந்தார்கள். ஒரு வீட்டுக்குள் தறி ஓடும் சத்தம் கேட்டது. நூல் எத்தனாம் நம்பர் என்று ரங்கராஜின் மனம் தானாகக் கணக்குப் போட்டது. தெருமுனையில் பச்சைப் பப்பாளித் துருவலும் முட்டையும் வைத்து மடித்துப் பொரித்த பலகாரம் விற்றார்கள். நம்மூர் சோமாசுக்கு அண்ணன் முறை. காடியில் தொட்டு இரண்டு தின்றான், நன்றாகவே இருந்தது. தின்று முடித்ததும் வாய் வெற்றிலை கேட்டது. கொண்டுபோனது தீர்ந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. பலகாரக்காரி அவனிடம் காசு வாங்கவில்லை. அவன் முகத்தையும் பார்க்கவில்லை.

தெருவெல்லாம் பூவும் மெழுகுவர்த்தியும். கல்லறைத் திருநாள் என்று அவனுக்குத் தெரியும். மில் கிளார்க் ஞானாபரணம் வருஷா வருஷம் இதே நாளில் லீவு கேட்பார். அவர்கள் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், செவ்வந்தி வைப்பார்கள்; சோறு வைத்து அவன் பார்த்ததில்லை. அங்கேதான் அவன் ஏமாந்தான்.

வண்டி நின்ற வீட்டின் கதவு திறந்திருந்தது. கூப்பிட்டான், பதில் இல்லை. உள்ளே கூடத்தில் ஒரு மேஜை. அதில் பனையோலைத் தட்டு, ஒட்டரிசிப் பலகாரம், அவித்த முட்டை, சின்னக் கிண்ணத்தில் கருப்பஞ்சாற்றுக் கள். பக்கத்தில் ஒரு வெற்றிலை. நுனியும் காம்பும் கிள்ளி, முதுகு நரம்பை உரித்து, பாக்கை உள்ளே வைத்து முக்கோணமாக மடித்திருந்தது.

நம் பக்கம் கூடத்தில் வெற்றிலைத் தட்டு இருந்தால் அது வருகிறவனுக்கு. எடுக்காமல் போனால்தான் வீட்டுக்காரர்களுக்கு மனத்தாங்கல். ரங்கராஜ் யோசிக்கவே இல்லை. எடுத்து வாயில் போட்டான். மென்ற பிறகுதான் உறைத்தது. அவன் வெற்றிலையைச் சுருட்டி அடைக்கிறவன். இப்படி முக்கோணமாக மடிக்கிற ஒரே ஆளை அவனுக்குத் தெரியும்.

சமையல்கட்டிலிருந்து ஒரு பெண் சோற்றுத் தட்டோடு வந்தாள். நாற்பது வயது இருக்கும். அவன் வாய் அசைவதைப் பார்த்தாள். தட்டு கையிலிருந்து விழுந்தது.

"சென்னா," என்றாள். பிறகு இங்கிலீஷில், மிக மெதுவாக, "இந்த வருஷம் வந்து சாப்பிட்டுவிட்டாயா?" என்று கேட்டாள்.

ரங்கராஜ் ஓரடி பின்னால் நகர்ந்தான். முக ஜாடைதான் ஒன்று, தான் தம்பி என்று மூன்று தரம் சொன்னான். அவள் அருகே வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்து, சூடு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் நம்பினாள்.

அவள் பெயர் செலெஸ்தினா. சென்னகிருஷ்ணன் குடியிருந்தது அவள் அப்பா வீட்டில். யுத்தம் வந்ததும் கப்பல் நின்றது, கடிதம் நின்றது. நாற்பத்தைந்து ஜனவரியில், ஊர் ஜனம் மலைக்கு ஓடி ஒளிந்திருந்தபோது மலேரியாவில் செத்துப்போனான். கொயினா மாத்திரை கிடைக்கவில்லை. கடைசி நாளில் யாரோ ஒரு குழந்தைக்குக் காது குத்த வேண்டும் என்று பிதற்றிக்கொண்டே இருந்தானாம்.

"இன்றைக்கு இறந்தவர்களுக்குத்தான் முதலில் பரிமாறுவோம். அவர்கள் சாப்பிட்ட பிறகுதான் நாங்கள்," என்றாள் செலெஸ்தினா. "வெற்றிலை மடிக்க அவன்தான் சொல்லிக் கொடுத்தான். பதினாறு வருஷமாக வைக்கிறேன். எடுத்தது இன்றைக்குத்தான்."

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வாயிலிருந்ததைத் துப்ப வாசலுக்குப் போனவனைத் தடுத்தாள்.

"துப்பாதீர்கள். அவன் பங்கை நீங்கள் எடுத்தாயிற்று. இனி உங்களோடுதான் வருவான். வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்."

அவன் விழுங்கினான். சட்டைப் பையிலிருந்து மஞ்சள் தடவிய பத்திரிகையை எடுத்து, வெற்றிலை இருந்த இடத்தில் வைத்தான். பெண்ணின் தகப்பன் என்று அண்ணன் பெயர் அச்சாகியிருந்த பத்திரிகை. அதற்குமேல் அவனால் அடக்க முடியவில்லை, முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

திரும்பும் வழியில் சிங்கப்பூரில் கும்பகோணம் வெற்றிலையே கிடைத்தது. வாயில் வைத்தான். கருப்பஞ்சாற்றுக் கள்ளும் மெழுகுவர்த்திப் புகையும் நாக்கில் ஏறின. துப்பிவிட்டான். அதோடு பெட்டியை மூடியவன்தான்.

விமானத்தில் உட்கார்ந்தபடியே ஒரு முடிவுக்கு வந்திருந்தான். தீட்டு என்பது சேதி கேட்ட நாளிலிருந்து. பெண்ணின் தகப்பன் செத்த சேதி இப்போது காதில் விழுந்தால், கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போகும். மாப்பிள்ளை வீட்டார் காத்திருப்பார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? பொய் சொல்லிவிடுவோம், கல்யாணம் முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். "தேடாத எடமில்லீங்க. ஒரு தகவலும் கெடைக்கல," என்றான். ஊரைப்பற்றி, சிப்பி ஜன்னல்பற்றி, சோமாசுக்கு அண்ணன்பற்றி நிறையப் பேசினான். வெங்கடலட்சுமி விழுந்து விழுந்து சிரித்தாள். சாப்பாடு ஆயிற்று. அம்புஜம் வெற்றிலைத் தட்டைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

ரங்கராஜின் கை நீண்டது, நின்றது, மடிக்குத் திரும்பிவிட்டது. "வேண்டாங்க வதினா. வவுறு சரியில்லீங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நினைத்தவன், ஒரு வெற்றிலையில் மாட்டிக்கொண்டான். எழவு வீட்டுக்காரன் கருமாதி முடியும்வரை வெற்றிலை போடமாட்டான். இது அங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் யாரும் கவனிக்கவில்லை, அம்புஜத்தைத் தவிர. அவள் தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்துக் கிணற்றடியிலிருந்து கூப்பிட்டாள்.

"ஏனுங்க தம்பி, இப்படிக் கொஞ்சம் வாங்க."

போனான். அவள் துவைகல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். தட்டு மடியில் இருந்தது.

"எப்பங்க?"

அவனுக்குப் பொய் வரவில்லை. "நாப்பத்தஞ்சு, தை மாசமுங்க. காய்ச்சல்."

அவள் அழுவாள் என்று நினைத்தான். அவள் வேறொன்று கேட்டாள். "அங்க அவருக்கு யாராச்சும் சோறு வெக்கறாங்களா?"

"வெக்கறாங்க வதினா. வருசா வருசம். வெத்தலகூட மடிச்சு வெக்கறாங்க."

"பொம்பளையா?"

அவன் தலையை ஆட்டினான். அம்புஜம் கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லா இருக்கட்டும் அந்த மகராசி," என்றாள். "பசியில்லாம இருந்திருக்காரு." அப்புறம்தான் அழுதாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, சத்தமே வராமல் அழுதாள்.

அழுது முடித்து முகம் கழுவினாள். குங்குமத்தை நேராக்கிக்கொண்டாள். தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவி மடித்து அவனிடம் நீட்டினாள்.

"போடுங்க."

"வதினா, என்னால முடியாதுங்க. அவரு பங்கு வெத்தலய எடுத்துத் தின்னுபோட்டேன். தெரியாமப் பண்ணிப்போட்டேன். இப்ப எது போட்டாலும் அதே ருசிதானுங்க."

"அப்ப அவருக்குத்தான் போடறீங்க. போடுங்க. நான் கண்டுபுடிச்ச மாதிரி நாளைக்குச் சம்பந்தி ஊட்டுல எவளாச்சும் கண்டுபுடிப்பா. கண்ணாலம் முடியற வரைக்கும் உங்க வாயி செவந்தே இருக்கோணும். எம்பட பூவும் அதுவரைக்கும் இருக்கும்."

இருபத்திரண்டு நாள் ரங்கராஜ் வெற்றிலை போட்டான். ஒவ்வொன்றும் தொண்டையில் நெருஞ்சி முள்ளாக இறங்கியது. நாலாம் நாள் வெங்கடலட்சுமி அவன் கையைப் பார்த்துச் சிரித்தாள். "ஏனுங்க சித்தப்பா, என்ன புதுசா முக்கோணமா மடிக்கறீங்க?" அவன் குனிந்து பார்த்தான். விரல்கள் நுனி கிள்ளி, நரம்பு உரித்து, அவனைக் கேட்காமலே மடித்து முடித்திருந்தன. பூ கட்டிக்கொண்டிருந்த அம்புஜம் நார் அறுந்தது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்தன்று தாரை வார்த்துக் கொடுத்தவன் சித்தப்பன்தான். பெண்ணின் கையை மாப்பிள்ளை கையில் வைத்துத் தண்ணீர் விட்டபோது, தன் கைக்கு அடியில் இன்னொரு கை தாங்கியதை அவன் உணர்ந்தான். காய்ச்சல்காரனின் சூடு. தலை நிறையப் பூவோடு பக்கத்தில் நின்ற அம்புஜம் அவன் காதுக்கு மட்டும் கேட்கும்படி, "வந்துட்டாருங்களா?" என்றாள். வாய் நிறைய வெற்றிலை. அவன் தலையை மட்டும் அசைத்தான்.

மறுவீடு முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் உடுமலைப்பேட்டைக்குக் கார் ஏறினார்கள். புழுதி அடங்கும்வரை அம்புஜம் வாசலில் நின்று கையசைத்தாள். ரங்கராஜ் கிணற்றடிக்குப் போய், உப்புப் போட்டு வாயைத் திரும்பத் திரும்பக் கொப்பளித்துவிட்டு வந்து அவள் முன்னால் நின்றான்.

அவள் அவன் உதட்டைப் பார்த்தாள். சிவப்பு போயிருந்தது. தலையிலிருந்த மல்லிகையை மெல்லக் கழற்றித் துவண்டுபோகாமல் மதில்மேல் வைத்தாள். அந்த மதிலில்தான் அமாவாசையன்று காகங்கள் உட்கார்ந்திருந்தன.

"இப்ப எல்லாத்துக்கும் சொல்லிருங்க தம்பி," என்றாள். "நான் போயி ஒல வெக்கறேன். ஊட்டுக்கு வந்த மனுசன் பசியோட நிக்கறாரு."