முதல் தட்டை விட்டவர்

அணிவகுப்புக்காரர் ரெகே இசைக் குழுவில் சேர்ந்து டிரம் அடித்த முதல் நாள், ஒத்திகை மாடிக்குக் கீழே இருந்த செருப்புக் கடையில் இடது கால் செருப்புகள் எல்லாம் அலமாரியை விட்டு இறங்கி வாசலுக்கு நடந்தன. ஒவ்வொரு ஜோடியிலும் இடது காலை மட்டும் பார்வைக்கு வைத்து வலது காலைப் பெட்டிக்குள் வைப்பது கடைக்காரரின் வழக்கம். அதனால் அன்று கடைச் சரக்கில் சரிபாதி தெருவில் நின்றது. வரிசை மட்டும் துளியும் பிசகவில்லை. கடைக்காரர் தங்கமான மனிதர். மாடியேறி வந்து, "நீங்க எதை வேணா அடிங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. முன்கூட்டியே ஒரு வார்த்தை சொன்னா கதவைச் சாத்திக்குவேன்ல" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். மறுநாளிலிருந்து வலது கால்களைப் பார்வைக்கு வைத்தார். வியாபாரம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

அணிவகுப்புக்காரர் இருபத்தாறு வருடம் போலீஸ் பேண்டில் டிரம் வாசித்தவர். அங்கே முதல் தட்டு என்றால் இடது கால், மூன்றாவது தட்டு என்றால் வலது கால், அவ்வளவுதான் சங்கீதம். முன்னூறு பேரின் இடது கால்கள் அவர் கைக்குச்சிக்குக் கட்டுப்பட்டிருந்தன. ஓய்வுபெற்ற பிறகும் குளியலறைக்குள் வலது காலை முதலில் வைக்க அவரால் முடிந்ததில்லை. ரெகே இதற்கு நேர் எதிர். நான்கு எண்ணிக்கையில் முதல் இடத்தைச் சும்மா விட்டுவிட வேண்டும். டிரம் மூன்றில்தான் இறங்கும். இரண்டிலும் நான்கிலும் கிதார் வெட்டி வெட்டி விழும். இது அவருக்குப் புரியாமல் இல்லை, கைதான் சொன்ன பேச்சு கேட்கவில்லை.

குழுவில் மற்ற இருவரும் இப்படி எங்கெங்கோ இருந்து வந்தவர்கள்தான். பேஸ் கிதார் வாசித்த ஆர்கன்காரர் பதினெட்டு வருடம் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். தேவாலயத்தார் ஆர்கனை விற்றுவிட்டுக் கீபோர்டு வாங்கியபோது, காலுக்கு வேலையில்லாத வாத்தியம் தனக்கு வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டார். பேஸை மடியில் வைத்துக்கொண்டு வெறுங்காலால் தரையை மிதித்தபடிதான் வாசிப்பார். அவர் வாசித்தால் அந்தக் கட்டடத்துத் தண்ணீர்க் குழாய்கள் எல்லாம் கூடவே முனகும், பல வருடமாகத் தண்ணீர் ஏறாத மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் ஏறும். பாடியவர் கோரஸ் அக்கா. சினிமாப் பாட்டுகளில் இருபது வருடம் மூன்றாவது வரிசையில் நின்று பாடியவர். வாயைத் திறந்தால் ஆறு பெண்களின் குரல் வரும். தனியாகப் பாட அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. கடைசியில், ஆறு பேரும் தன்னோடுதான் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

இவர்களைச் சேர்த்தது அணிவகுப்புக்காரரின் மகன். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை அவனுக்கு. மூக்குக் கண்ணாடி வாங்க வந்த அக்கா நிலைக்கண்ணாடியைப் பார்த்து ஒரு பாட்டை முணுமுணுத்ததை ஆறு குரலில் கேட்டுவிட்டு, கையோடு ஒத்திகைக்கு அழைத்துப் போனான். கிதார் அவன் வாசித்தான். டிரம்முக்கு நண்பன் ஒருவன் இருந்தான். அப்பா ஒரே ஒரு முறை போய்க் கேட்டார். "முதல் தட்டே இல்லாம என்னடா பாட்டு? தலையில்லாத முண்டம்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அதன் பிறகு இரண்டு வருடம் அப்பனும் மகனும் பேசிக்கொள்ளவில்லை. "சோறு வேணுமான்னு கேளு", "வேணாம்னு சொல்லு" என்று எல்லாம் அம்மா வழியாகவே போய் வந்தது. பிறகு ஒரு காய்ச்சலில் மூன்றே நாளில் அவன் செத்துப்போனான். அந்த மூன்று நாளிலும் அப்பா ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் உட்கார்ந்திருந்தார். முதல் வார்த்தையை யார் பேசுவது என்று தெரியாமல் உள்ளே போகவில்லை.

நண்பனும் டிரம்மை விட்டுவிட்டு வெளியூர் போய்விட்டான். ஆனால் நகர மன்றத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியக் கச்சேரிக்கு மகன் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தான். கச்சேரிக்கு ஒரு மாதம் இருக்கும்போது அணிவகுப்புக்காரர் குச்சிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடியேறி வந்தார். "அவன் ஒத்துக்கிட்ட கச்சேரி. நான் அடிக்கிறேன்" என்றார். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. கிதாருக்கு வேறு ஆள் தேடவும் மனம் வரவில்லை. அவனுடைய நாற்காலி அப்படியே இருந்தது.

கடைச் செருப்புகளோடு விஷயம் முடிந்திருந்தால் பரவாயில்லை. மகனின் கறுப்பு ஷூ ஜோடியை அம்மா வாசற்படிக்கு உள்பக்கம், அவன் கழற்றிப் போட்ட கோணத்திலேயே விட்டு வைத்திருந்தார். பெருக்கும்போதுகூட அதைச் சுற்றித்தான் பெருக்குவார். வீடு ஒத்திகை மாடியிலிருந்து நான்கு தெரு தள்ளி இருந்தது, ஆனால் தூரம் ஒரு பொருட்டாக இருக்கவில்லை. முதல் நாள் இடது ஷூ படியிறங்கியது. இரண்டாம் நாள் கேட்டைத் தாண்டியது. அம்மா தினமும் சாயங்காலம் போய்த் தேடி எடுத்து வந்தார். ஜன்னல் கம்பியில் கயிறு போட்டுக் கட்டிப் பார்த்தார். அது ஒத்திகை முழுக்க இழுத்து இழுத்து அடிப்பாகம் பிய்ந்துகொண்டு வந்ததால் அவரே அவிழ்த்துவிட்டார். கச்சேரிக்கு நான்கு நாள் இருக்கும்போது அது பஸ் நிலையத்தில் கிடைத்தது. வரிசையில் இரண்டாவதாக நின்றிருந்தது. அதற்குப் பின்னால் நின்ற மனிதர், "உங்களுதாம்மா? நல்லவேளை, வண்டி வர நேரம்" என்று எடுத்துக் கொடுத்தார்.

அன்று அம்மா முதல்முறையாக இதைப் பற்றி வாய் திறந்தார். "கடைக்காரருக்கு ஆயிரம் செருப்பு இருக்கு. எனக்கு இருக்கிறது இந்த ஒரு ஜோடிதான். நீங்க தட்டுற ஒவ்வொரு தட்டுக்கும் அவன் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போறான்."

அணிவகுப்புக்காரர் குச்சிகளை மேசைமேல் வைத்து, கச்சேரியே வேண்டாம், விட்டுவிடுகிறேன் என்றார்.

"விடச் சொல்லல. அது அவன் கச்சேரி. அதையும் நடத்துங்க, அவனையும் அனுப்பிடாதீங்க."

இது ஆகிற காரியமா என்று அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் ஆர்கன்காரர், முதல் தட்டு விழாமல் இருக்க அவர் மணிக்கட்டைத் துண்டால் கட்டிப் பார்த்தார். துண்டோடு சேர்ந்து கை இறங்கியது. கோரஸ் அக்காதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னார். "அண்ணே, பெரிய பாடகி பாடுற வரியில நாங்க இருபது வருஷம் வாயை மூடிட்டு நின்னோம். சும்மா நிக்கல, அவங்களுக்கு எடம் விட்டு நின்னோம். நீங்களும் யாருக்காவது எடம் விட்டுப் பாருங்களேன்."

வீட்டுக்கு வந்தபோது அம்மா பிய்ந்த ஷூவை ஊசி போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே கேட்டார். "நீங்க வீட்ல பலகையில தட்டிப் பழகுவீங்களே, அப்ப அவன் எதிர்ல குட்டை ஸ்டூல்ல உக்காந்து கை தட்டுவானே, ஞாபகம் இருக்கா? நாலு வயசு. உங்ககூடவே தட்டினான்னு, குறுக்க தட்டாதேன்னு ஒரு அதட்டு அதட்டுனீங்க. அப்புறம் பாவம், நீங்க தட்டாத எடமாப் பாத்துப் பாத்துத் தட்டினான்."

அவருக்கு ஞாபகம் இல்லை. பிறகு வந்தது. ஒன்றிலும் மூன்றிலும் அவர், இரண்டிலும் நான்கிலும் அந்தச் சின்னக் கைகள். மகன் கிதாரை எங்கே போய்க் கற்றுக்கொண்டான் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. பதில் அவருடைய பலகைக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறது. மகன் செத்து அத்தனை நாளில் அன்றுதான் அவர் அழுதார். அம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டு, அவர் அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நகர மன்றம் முக்கால்வாசி நிறைந்திருந்தது. அம்மா முதல் வரிசையில், ஷூக்களைத் துணிப்பையில் போட்டு மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அணிவகுப்புக்காரர் குச்சியை ஓங்கினார். முதல் இடம் வந்தது. அது உன்னுடையது, நான் வாயைத் திறக்கவில்லை, நீ முதலில் பேசு என்று மனதுக்குள் சொல்லிக் கையை அந்தரத்திலேயே நிறுத்தினார். இருபத்தாறு வருடமும் அந்தக் கையில் கனத்தன. கை இறங்கவில்லை. இரண்டில் ஒரு கைதட்டல் கேட்டது. மூன்றில் அவர் டிரம்மை இறக்கினார். நான்கில் மறுபடி கைதட்டல். சின்னக் கைகள், கொஞ்சம் ஈரமான உள்ளங்கைகள் தட்டும் சத்தம், மேடையில் மகனுக்குப் போட்டிருந்த காலி நாற்காலியிலிருந்து.

ஒலிபெருக்கிக்காரர் எந்த மைக்கில் வருகிறது என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தார். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் அது கேட்டது. கோரஸ் அக்கா ஆறு குரலிலும் பாடினார், மன்றத்துக் குழாய்கள் முனகின. அம்மாவின் மடியில் பை அசையவில்லை. இரண்டாவது பாட்டின் நடுவில் அம்மா கையைத் தளர்த்தினார். பிறகு ஷூக்களை வெளியே எடுத்துத் தரையில் வைத்தார். கச்சேரி முடியும்வரை அவை அங்கேயே இருந்தன.

அது நடந்து பதினோரு வருடம் ஆகிறது. ஷூக்கள் வாசற்படிக்கு உள்பக்கம் பழைய கோணத்தில் இருக்கின்றன. செருப்புக் கடைக்காரர் இடது கால்களையே மறுபடி பார்வைக்கு வைக்கிறார். குழு இன்றுவரை கிதாருக்கு ஆள் எடுக்கவில்லை, கேட்பவர்களும் குறை சொல்வதில்லை. கச்சேரிக்கு முன்னால் மன்றத்துக்காரர்கள் எத்தனை நாற்காலி என்று கேட்டால், நான்கு என்று ஆர்கன்காரர் சொல்வார். அதில் ஒன்று மட்டும் குட்டையாக இருக்கட்டும், கால் தரைக்கு எட்ட வேண்டும் என்று அம்மா சொல்லி அனுப்புவார்.