கேட்டைத் திறந்த செயலாளர்

மலேசியாவில் கிள்ளான் பக்கத்து ஊரான காப்பாரின் மாடு வளர்ப்போர் சங்கத்துக்குப் பக்கிரிசாமி செயலாளர் ஆனதற்கு அவருடைய தொண்டைதான் காரணம். கோயில் மண்டபத்தில் மைக் வேலை செய்யாத ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார்கள். கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பேசக்கூடியவர் அவர் ஒருவர்தான் என்று தெரிந்ததும் கையைத் தூக்கித் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அவருக்கோ தம்முடைய அறிவுக்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நினைப்பு. அந்த நினைப்பு சுமார் ஐந்து வாரம் நீடித்தது.

அது 1986ஆம் வருஷம். பூச்சோங் பக்கம் யாரோ ஒருவருடைய கொட்டகைக்குள் விலங்கு நலச் சங்கத்து ஆட்கள் புகுந்து, இரண்டு பசுக்களை லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று பேச்சு பரவியிருந்தது. யாருடைய கொட்டகை, என்ன காரணம் என்று ஒருவருக்கும் தெரியாது. லோரியின் நிறம் மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆளுக்கொரு நிறம் சொன்னார்கள்.

பக்கிரிசாமிக்குப் பதினோரு மாடு. விடியுமுன் கறந்து, ஹோண்டா மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் கேனைத் தொங்கவிட்டுக் கிள்ளான் முழுக்கப் பால் ஊற்றிவிட்டு வருவார். இருபது வருஷமாக அதுதான் பிழைப்பு. பதினொன்றையும் யாராவது ஒரு மத்தியானத்தில் ஓட்டிக்கொண்டு போய்விட்டால் மறுநாள் காலையில் என்ன செய்வது என்ற பயம் அவருக்கு. பயம் வந்தால் அவர் குரல் இன்னும் உயரும்.

“நம்ம கொட்டாய்க்குள்ள நம்மளக் கேக்காம எவன் கால வைக்கிறான்னு பாத்துடுவோம்லா! கேட்டப் பூட்டுங்க. வாரண்டு கேளுங்க. வாரண்டு இல்லாம மந்திரியே வந்தாலும் வெளியதான் நிக்கணும்!” என்று சங்கக் கூட்டத்தில் முழங்கினார்.

வாரண்டு என்ற சொல்லை அவருக்குக் கொடுத்தவர் கிள்ளானில் ஒரு வக்கீல் ஆபீசில் கடிதம் எழுதும் கிராணியாக இருந்த சபாபதி. தினமும் அரை லிட்டர் பால் வாங்குகிறவர். “ஷோ மீ யுவர் வாரண்ட்” என்று முழுசாகவே சொல்லிக் கொடுத்திருந்தார். பக்கிரிசாமி அதைக் கறக்கும்போது மாடுகளிடம் சொல்லிப் பார்த்தார். மாடுகள் வழிவிட்டன. புதுப் பூட்டு ஒன்று வாங்கிக் கேட்டில் மாட்டினார். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார்.

நான்காவது வாரம், ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்குச் செவத்திப் பசுவுக்கு வலி கண்டது. தலைச்சன் ஈற்று. கன்றின் ஒரு கால் வெளியே வந்துவிட்டது, மறுகால் வரவில்லை. பக்கிரிசாமி சீனன் கடைக்கு ஓடிப்போய்க் கால்நடை டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டர் பந்திங் ஊருக்குப் போயிருக்கிறார், யாரையாவது அனுப்பப் பார்க்கிறோம் என்றார்கள். திரும்பி வந்து கொட்டகைக்கும் கேட்டுக்குமாக நடந்தார். அவர் மனைவி மாரியாயி மாட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

பதினொன்றரைக்கு ஒரு வெள்ளை டாட்சன் கார் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றது. நாற்பது வயதைத் தொடாத ஒரு பெண் இறங்கினாள். குட்டை முடி, கால்சட்டை, கையில் ஒரு தோல் பை. அந்தப் பையைப் பார்த்ததுமே பக்கிரிசாமிக்கு உயிர் வந்தது. அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்க்கப் பொறுமை இல்லை. இடுப்பைப் பூட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டே திறந்தார்.

“வாங்க டாக்டரம்மா, சீக்கிரம் வாங்க!”

“அங்கிள், நான் வந்து...”

“அப்பறம் சொல்லுங்க டாக்டரம்மா, கன்னுக்குட்டி செத்துரும்!”

அவள் இன்னும் இரண்டு தடவை வாயைத் திறந்தாள். இரண்டு தடவையும் அவர் அவளைக் கையைப் பிடித்து இழுக்காத குறைதான். கொட்டகைக்குள் வந்து மாட்டைப் பார்த்ததும் அவள் பேச்சை விட்டுவிட்டாள். பையைத் தூர வைத்தாள், சட்டைக் கையை மடித்தாள், சோப்பும் எண்ணெயும் கேட்டாள். “எங்கட அப்பா பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ்ல ரெண்டு மாடு வச்சிருந்தவர். இப்பிடி ஒருக்கா பாத்திருக்கிறன்,” என்று யாழ்ப்பாணத் தமிழில் மாரியாயியிடம் சொன்னாள். ஒரு டாக்டர் ஏன் இப்படிச் சொல்கிறாள் என்று பக்கிரிசாமி யோசித்திருக்க வேண்டும். அவர் அப்போது முனியாண்டிக்குச் சேவல் நேர்ந்துகொண்டிருந்தார்.

கன்றை உள்ளே தள்ளி, மடங்கிய காலைத் திருப்பி, இரண்டு பெண்களும் வியர்த்து விறுவிறுத்து இழுத்தார்கள். பக்கிரிசாமியின் பங்கு, வாலைப் பிடித்துக்கொண்டு நின்றது. முக்கால் மணி நேரத்தில் கிடாரிக் கன்று ஒன்று வழுக்கிக்கொண்டு வந்து வைக்கோலில் விழுந்து தும்மியது.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. காப்பி போடச் சொன்னார். டாக்டரம்மா வந்தது வந்துவிட்டாள், மற்ற மாடுகளையும் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போனார். ஒதுக்கமாகக் கட்டியிருந்த கறுப்பியின் முன்னால் நின்று, “இந்தக் கழுத்துப் புண்ணக் கொஞ்சம் பாருங்க டாக்டரம்மா. கவுறு அறுத்துருச்சு. மூணு வாரமா ஆற மாட்டேங்குது,” என்றார். உடைந்த பலகையைக் காட்டினார். மழை பெய்தால் கணுக்கால் வரை சேறு நிற்கும் மூலையைக் காட்டினார். அவள் ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தாள். காப்பியைக் குடித்துவிட்டுப் பையைத் திறந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள்.

“நான் டாக்டர் இல்ல அங்கிள். மார்க்கிரட். விலங்கு நலச் சங்கத்து இன்ஸ்பெக்டர். சொல்லத்தான் பாத்தன், நீங்க விடயில்ல.”

பக்கிரிசாமி அட்டையைப் பார்த்தார். திறந்து கிடந்த கேட்டைப் பார்த்தார். மூன்று வாரமாகப் பயிற்சி செய்த வாக்கியம் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

“ஷோ மீ யுவர் வாரண்ட்,” என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

“பாக்கிறதுக்கு இந்த அட்டை காணும், வாரண்டு தேவையில்ல. மாட்டக் கொண்டுபோறதெண்டால்தான் போலீசோட வரணும். அதுவும் இல்லாம, நீங்கதானே என்னைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தீங்க?”

போகுமுன் ஒரு நோட்டீஸ் எழுதிக் கொடுத்தாள். மூன்று விஷயம். கறுப்பியின் புண்ணுக்கு மருந்து போட வேண்டும், கயிற்றை மாற்ற வேண்டும். எல்லா மாட்டையும் படுத்து எழும் அளவுக்கு நீளமாகக் கட்ட வேண்டும். முப்பது நாளில் தரை முழுக்கச் சிமெண்டு போட வேண்டும். தவறினால் கால்நடைகள் அகற்றப்படலாம். கடைசி வரி ஏற்கனவே அச்சடித்திருந்தது.

“மொத ரெண்டும் நாமளே செஞ்சிருக்க வேண்டியதுதானே,” என்றாள் மாரியாயி.

“நீ யாரு பக்கம்?”

“கறுப்பி பக்கம். நானும் மூணு வாரமா சொல்றேன்.”

அது உண்மைதான். கயிறு வாங்க வேண்டும் என்று தினமும் நினைத்தார். சங்கத்து வேலை அதிகமாக இருந்தது.

மூன்றாவதுதான் தலைவலி. கொட்டகை நின்றது அரசாங்க நிலம். வருஷா வருஷம் தற்காலிக லைசன்ஸ். கல்லோ சிமெண்டோ வைத்து நிரந்தரமாக எதையும் கட்டக்கூடாது என்று அதில் எழுதியிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் கொட்டகை வாசலில் ஒரே ஒரு சிமெண்டுப் படி போட்டதற்கு நில ஆபீசிலிருந்து ஆட்கள் வந்து, நிற்க வைத்து உடைக்கச் சொன்னார்கள். அந்தக் கடிதமும் பத்திரமாக இருந்தது. சிமெண்டு போட்டால் நிலம் போகும். போடாவிட்டால் மாடு போகும். சங்கத்தில் முக்கால்வாசிப் பேருக்கு இதே நிலைமை.

அடுத்த கூட்டத்தில் பக்கிரிசாமி, இன்ஸ்பெக்டர் பலவந்தமாக உள்ளே நுழைந்தாள் என்று ஆரம்பித்தார். முன்வரிசையில் இருந்த வேலாயுதம் மரியாதையாகக் கையைத் தூக்கினார். அவர் பக்கத்துக் கொட்டகைக்காரர். ஆறு மாடு வைத்திருந்தார்.

“அண்ணே, காப்பி கூட குடுத்தீங்களாமே?”

மாரியாயி எல்லாருடைய வீட்டிலும் ஏற்கனவே சொல்லிவிட்டிருந்தாள். மண்டபம் சிரித்து அடங்க நேரம் பிடித்தது. அதற்குப் பிறகு செயலாளர் உள்ளதை உள்ளபடி சொன்னார். சிரித்தவர்கள் சிமெண்டு விஷயம் வந்ததும் சிரிப்பை நிறுத்தினார்கள். போய்ப் பேசிவிட்டு வா என்று அவரையே அனுப்பினார்கள். மைக் இப்போது வேலை செய்தது. ஆனாலும் வேறு யாரும் போக ஒப்புக்கொள்ளவில்லை.

விலங்கு நலச் சங்கத்தின் ஆபீஸ் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைக்கு மேலே மாடியில் இருந்தது. மகள் கல்யாணத்துக்குத் தைத்த கால்சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். எட்டு வருஷத்துக்கு முந்தைய இடுப்பு. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே படியேறினார். வழி நெடுக உரையை மனப்பாடம் செய்திருந்தார். “உழைக்கும் மக்களாகிய நாங்கள்” என்று தொடங்கும். நாற்காலியில் உட்கார்ந்த மாத்திரத்தில் மூன்று கால் நாய் ஒன்று எங்கிருந்தோ வந்து அவர் செருப்பின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. காலை அசைத்தால் முனகியது. உழைக்கும் மக்கள் அசையாமல் இருந்தார்கள்.

மார்க்கிரட் வந்து எதிரே அமர்ந்தாள். “கன்னு எப்பிடி அங்கிள்?”

“நல்லா குடிக்குது மிஸ்.”

உரை முழுக்க மறந்துபோயிற்று. நோட்டீஸ், நில ஆபீஸ் கடிதம் இரண்டையும் மேசைமேல் வைத்தார். அவள் நில ஆபீஸ் கடிதத்தை இரண்டு முறை படித்தாள்.

“இது எனக்குத் தெரியாது,” என்றாள்.

“உங்களுக்குத் தெரிய வேணாமா மிஸ்? நீங்க வர்றதுக்கு நான் பயப்படல. வந்தீங்க, ஒரு உசுரக் காப்பாத்துனீங்க. நீங்க போன பெறகு இந்தக் காயிதம் என் வூட்டுல இருக்குது பாருங்க, அதுக்குத்தான் பயம். ராத்திரி முழிச்சா அதுதான் கண்ணு முன்னால வருது. சரி, பதினோரு மாட்டையும் தூக்கிட்டுப் போறீங்கனு வைங்க. எங்க கட்டுவீங்க? யாரு கறப்பா? வேளைக்குக் கறக்கலனா மடி கட்டிக்கும், காய்ச்சல் வரும். அப்ப யாருக்கு நோட்டீஸ் குடுப்பீங்க?”

அவள் ஜன்னல் வழியாகப் பின்பக்கம் பார்த்தாள். அங்கே நாய்க் கூண்டுகள் தெரிந்தன.

“எங்ககிட்ட நாப்பது நாய்க்கு இடம் இருக்கு அங்கிள். ஒரு மாட்டுக்குக் கூட இல்ல.”

“அப்ப எதுக்கு மிஸ் அப்பிடி எழுதியிருக்கு?”

“எழுதினாத்தான் சில பேர் கேக்கிறாங்க. நீங்களே சொல்லுங்க, நோட்டீஸ் இல்லாட்டி கறுப்பிக்குக் கயிறு மாத்தியிருப்பீங்களா?”

பக்கிரிசாமி நாயைப் பார்த்துக் குனிந்துகொண்டார். பிறகு தங்கள் சங்கத்தின் வேண்டுகோளை வைத்தார்: வருகிற தேதியை ஒரு வாரம் முன்னாலேயே சொல்லிவிட்டு வர வேண்டும்.

“சொன்னா, புண்ணு உள்ள மாட்டை ஆக்கள் ஒளிச்சு வச்சிருவாங்களே.”

“அதெல்லாம் யாரு மிஸ் செய்வா? நானே மொதல்ல கறுப்பிய வேலாயுதம் கொட்டாய்லதான்...” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தார்.

மார்க்கிரட் வாய்விட்டுச் சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்தது; கால்சட்டை இடம் கொடுக்காததால் அளவாகச் சிரித்தார். தேதி விஷயத்தில் அவள் கடைசி வரை இறங்கி வரவில்லை. சிமெண்டு என்ற வார்த்தையை மட்டும் பேனாவால் அடித்து, ‘உறுதியான, ஈரமில்லாத தரை’ என்று மேலே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். முத்திரை வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்ததால் முத்திரையும் குத்தினாள். மற்ற கொட்டகைகளுக்கும் இதையே செய்யும்படி கமிட்டிக்கு எழுதுகிறேன் என்றாள். எழுதினாள்தான். ஐந்து மாதம் கழித்து, பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது.

ஸ்ரீ கெம்பாங்கான் பக்கம் ஓர் ஈயச் சுரங்கத்தை மூடிவிட்டிருந்தார்கள். மண் ஏற்றிப் போகும் ரப்பர் பெல்ட் அங்கே சுருள் சுருளாகக் கிடந்தது. எட்டுப் பேர் சேர்ந்து லோரி பிடித்துப் போய் ஏற்றி வந்தார்கள். மூலைக்கு மண் கொட்டி மேடாக்கி, மேலே பெல்ட்டை விரித்தார்கள். ஆணி இல்லை, சிமெண்டு இல்லை. நில ஆபீஸ்காரர் வந்தால் சுருட்டிக் காட்டலாம். முப்பதாம் நாள் மார்க்கிரட் வந்து காலால் மிதித்துப் பார்த்தாள். கறுப்பியின் கழுத்தைத் தடவினாள். புண் ஆறியிருந்தது. “ஓகே அங்கிள்,” என்றாள். மாரியாயி சீம்பால் மிச்சம் இல்லையே என்று வருத்தப்பட்டு, ஒரு பாட்டில் தயிர் கொடுத்து அனுப்பினாள்.

மறு வருஷம் மார்க்கிரட் ஆஸ்திரேலியா போய்விட்டாள். அவளுக்குப் பதில் வந்த இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் தெரியாது. நேராக வேலாயுதம் கொட்டகைக்குப் போய், அதே அச்சடித்த நோட்டீசில் அதே சிமெண்டை எழுதினார். வேலாயுதம் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

பக்கிரிசாமி இந்தத் தடவை முழங்கவில்லை. முத்திரை குத்திய நோட்டீசையும் நில ஆபீஸ் கடிதத்தையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். கடைத்தெருவில் கற்ற பாசார் மலாயில், விரலால் தொட்டுத் தொட்டு விளக்கினார். இன்ஸ்பெக்டர் முத்திரையை உற்றுப் பார்த்தார், பக்கிரிசாமி கொட்டகையின் பெல்ட்டைப் பார்த்தார். கடைசியில் சிமெண்டை அடித்துவிட்டு, வேலாயுதமும் அப்படிப் பெல்ட் விரிக்கப் பதினான்கு நாள் கொடுத்தார். காரில் ஏறும்போது, அடுத்த முறை வேறு ஆள் வரலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

“இப்பிடி ஒவ்வொருத்தருக்கும் சொல்லிக்கிட்டே இருக்கணுமாண்ணே?” என்று கேட்டார் வேலாயுதம்.

“அப்பிடித்தான் போல.”

மறுநாள் பால் ஊற்றிவிட்டுக் கிள்ளானில் அந்த இரண்டு கடிதத்தையும் முப்பது பிரதி எடுத்து, சங்கத்தார் ஒவ்வொருவர் வீட்டிலும் கொண்டுபோய்க் கொடுத்தார். தம்முடைய பிரதியைக் கொட்டகையின் முன் தூணில், எந்த அதிகாரி வந்தாலும் முதலில் கண்ணில் படும்படி ஒட்டினார். சாயங்காலம் வந்து பார்த்தபோது பாதியை மாடு தின்றிருந்தது. மறுநாள் இன்னொரு பிரதி எடுத்து வந்து, ஸ்டூல் போட்டு ஏறி, முன்னைவிட ஒரு முழம் உயரத்தில் ஒட்டினார்.