புங்கங்காட்டுப் பாதைக்குப் பெரிய டயர்

"அந்தப் பாதையில இப்ப ஊர்க்காரங்க யாருமே வண்டி ஓட்டறதில்லைங்க மேடம்" என்று சுரங்கத்து மேனேஜர் சரத்குமார் தாசில்தாரிடம் சொன்னபோது, பூவிழி கதவோரம்தான் நின்றுகொண்டிருந்தாள். மகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க வந்தவள் அதை மறந்து உள்ளே போனாள்.

"நான் ஓட்டறேங்க."

சரத்குமார் திரும்பிப் பார்த்தார். கோபப்படவில்லை, சிரித்தார். "போன வாரம் நடுவுல மாட்டிக்கிட்டு நின்னீங்களேம்மா. எங்க டிராக்டர்தானே வந்து இழுத்துவிட்டுச்சு?"

அது உண்மைதான். அதனால்தான் அவளுக்கு முகம் சுட்டது.

அரியலூருக்குக் கிழக்கே, சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குப் பின்னால் கிடக்கிற சின்ன ஊர் புங்கங்காடு. ஊரிலிருந்து தார் ரோட்டுக்கு வர அந்த ஒரு வண்டிப்பாதைதான். கல் லாரிகள் ஓடி ஓடி இரண்டு பக்கமும் முழங்கால் பள்ளம் விழுந்து, நடுவில் மண்ணும் கல்லும் மேடிட்டு நின்றது. லாரிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பூவிழியின் பழைய ஜீப்போ ஆழமான இடத்தில் இறங்கினால் சில நாள் வயிற்றை அந்த மேட்டில் வைத்து உட்கார்ந்துவிடும். ஃபோர் வீல் போட்டாலும் நாலு சக்கரமும் வெறுமனே சுற்றும்.

அந்த ஜீப்பை அவள் வாங்கியபோது ஊரில் சிரித்தவர்கள் உண்டு. பள்ளிக்கூட வேன் ஓட்டிச் சேர்த்த காசில் பொம்பளை ஒருத்தி நகை எடுக்காமல் ஓட்டை ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்தால் சிரிக்கத்தானே செய்வார்கள். இப்போது பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும், பெண்கள் முந்திரிக்காட்டு வேலைக்குப் போவதும், காய்ச்சல்காரர்கள் ஆஸ்பத்திரி போவதும் அதில்தான். சரத்குமார் கேட்கிறபடி பாதை சுரங்கத்தோடு சேர்ந்துவிட்டால் ஏரிக்கரையைச் சுற்றி நடக்க வேண்டியதுதான். மழைக்காலத்தில் அதுவும் கிடையாது.

தாசில்தார் அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அடுத்த வாரம் நானே நேர்ல வரேன். உங்க வண்டியிலயே ஏறி வரேன். வண்டி போச்சுன்னா அது பாதை."

போகவில்லை என்றால் பாதை சுரங்கத்துக்குப் போய்விடும்.

பூவிழி நேராக செந்துறை ரோட்டில் இருக்கிற வேல்முருகனின் பட்டறைக்குப் போனாள். ஜீப்புக்கு வைத்தியம் எல்லாம் அவன்தான்.

"வண்டிய ஒசத்தணும் தம்பி. பெரிய டயரா போட்டுரு."

"போட்டா ஒசரும்தான். ஆனா உரசுமே யக்கா. இந்த வண்டிக்கு அளந்து வச்ச எடம் இது. திருப்பும்போது மட்கார்டுல இடிக்கும்."

"இடிச்சா பாத்துக்குவோம். போடு."

திருச்சியிலிருந்து டயர் வந்தது. மாட்டி இறக்கியதும் ஜீப் ஒரு சாண் வளர்ந்த மாதிரி நின்றது. நேராக ஓட்டினால் ராஜநடை. பூவிழிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாள் காலையில் முந்திரிக்காட்டுப் பெண்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

சுரங்கக் குழியை ஒட்டின வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தபோது கர்ரென்று ஒரு சத்தம். கூடவே ரப்பர் தீய்ந்த நாற்றம்.

"என்னாடி, வண்டி இப்படிக் கத்துது?" என்று பின்சீட்டிலிருந்து ஆண்டாயி கேட்டாள். இறங்கிப் பார்த்தால் மட்கார்டின் ஓரத் தகரம் புது டயரின் தோளை வழித்து எடுத்திருந்தது. இன்னும் நாலு வளைவு போயிருந்தால் டயர் கிழிந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்துச் சுரங்க ரோட்டில் சரத்குமாரின் கார் வந்தது. கண்ணாடியை இறக்கினார்.

"பழைய டயரையே போட்டுக்கங்கம்மா. வண்டிக்கு வயசாயிடுச்சு. எதுக்கு அதைப் போட்டுப் பாடுபடுத்தறீங்க?"

"வயசானதெல்லாம் ஒதுங்கிக்கணும்னா எப்படி சார்? எங்க ஊரு உங்க சுரங்கத்தவிட மூத்தது. அதையும் ஒதுங்கச் சொல்வீங்களா?"

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். பெண்கள் இறங்கி நடந்தே போனார்கள். ஆண்டாயி மட்டும் திரும்பிப் பார்த்து, "நாளைக்கும் நாங்க இதுலதான் வருவோம், ஆமா" என்றாள்.

பட்டறையில் வேல்முருகன் கட்டிங் மெஷினைக் கையில் எடுத்தான். "மட்கார்ட பாதியா வெட்டிடலாம் யக்கா. நிம்மதி."

"பாதிய வெட்டினா சேறெல்லாம் பிள்ளைங்க மேல அடிக்கும். எங்க படுதோ அங்க மட்டும் வெட்டு."

"எங்க படுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

பூவிழி கொஞ்சம் யோசித்தாள். வண்டியடியில் அப்பியிருந்த வெள்ளைச் சுண்ணாம்பு மண்ணைச் சுரண்டி, தண்ணீர் விட்டுக் குழைத்து, முன் டயர் இரண்டிலும் சுவருக்கு அடிக்கிற மாதிரிப் பூசினாள். ஒரு பக்கச் சக்கரத்தைக் கல்மேல் ஏற்றி, ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுக்க ஒடித்து மெல்ல உருட்டினார்கள். பிறகு வலப்பக்கம். குனிந்து பார்த்தபோது உரசின இடத்திலெல்லாம் வெள்ளை ஒட்டியிருந்தது. மட்கார்டின் பின் மூலையில் ஒரு கை அகலம். உள்பக்கம் ஸ்பிரிங் பட்டையில் ஒரு கோடு.

"அட, உள்ளயும் இடிச்சிருக்கே! நான் வெளியிலதான்னு நெனச்சேன்" என்றான் வேல்முருகன். அதற்கப்புறம் அவனுக்கும் வெறி வந்துவிட்டது. மூலைத் தகரத்தை மட்டும் வெட்டி, விளிம்பை உள்ளே மடித்துத் தட்டினான். ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடச் சேர்த்தான். அச்சில் இருக்கிற ஸ்டாப்பர் போல்ட்டை வெளியே திருகி, சக்கரம் திரும்பும்போது பட்டையைத் தொடுவதற்கு முன்பே நின்றுவிடுகிற மாதிரி வைத்தான். மறுபடி சுண்ணாம்பு பூசி உருட்டினார்கள். தகரத்தில் எங்கேயும் வெள்ளை ஒட்டவில்லை.

"ஆனா ஒண்ணு யக்கா. இனிமே வண்டி பழையபடி ஒடியாது. குறுகலான வளைவுல ஒரே மூச்சுல திரும்ப முடியாது."

"ரெண்டு மூச்சுல திரும்பறேன்."

தாசில்தார் வந்த அன்று முன்சீட்டில் அவர், பின்னால் ஆண்டாயியும் இன்னும் ஆறு பெண்களும். சரத்குமார் தன் காரைத் தார் ரோட்டிலேயே விட்டுவிட்டுப் பாதையோரமாக நடந்து வந்தார். பூவிழி ஃபோர் வீல் போட்டு இறக்கினாள். முன்பு வயிறு உட்கார்ந்த மேட்டின் மேல் ஜீப் ஒரு கல்லைக்கூடத் தொடாமல் நகர்ந்தது. பின்னாலிருந்து யாரோ குலவையிட்டார்கள்.

குழியோர வளைவில்தான் சோதனை. எதிரே கல் ஏற்றின லாரி ஒன்று வந்து நின்றது. டிரைவர் கையை ஆரனிலேயே வைத்திருந்தான். ஜீப் முக்கால்வாசி திரும்பி நின்றுவிட்டது. இதற்கு மேல் ஒடியாது.

"முடியலைன்னா விட்டுடுங்கம்மா, மேடம் நடந்தே வந்துடுவாங்க" என்று சரத்குமார் கத்தினார்.

பூவிழி ரிவர்ஸ் போட்டாள். பின்சக்கரம் குழியின் விளிம்புக்கு ஒரு முழம் முன்னால் போய் நின்றது. தாசில்தார் முன்கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். லாரியைப் பார்த்து பூவிழி கையை நீட்டினாள், பின்னால் போ என்று. அவன் நகரவில்லை. அவளும் கையை இறக்கவில்லை. ஆண்டாயி எழுந்து நின்று, "ஏய், காது கேக்கலையாடா? வண்டி வருதுல்ல?" என்று போட்ட சத்தத்தில் லாரி முனகிக்கொண்டு பின்னால் போனது. பூவிழி மறுபடி ஒடித்துத் திரும்பினாள். இஞ்சின் சத்தம்தான் கேட்டது, தகரம் உரசுகிற சத்தமே இல்லை.

ஊருக்குள் வந்து இறங்கியதும் தாசில்தார் புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "பாதைதான்" என்றார். பிறகு சரத்குமாரைப் பார்த்து, "பள்ளத்த ரொப்பிக் குடுங்க" என்றார்.

பள்ளத்தை யாரும் ரொப்பவில்லை. அதற்குப் பதிலாக, பாதுகாப்புக்காக என்று சொல்லி பாதை தார் ரோட்டில் சேருகிற இடத்தில் ஒரு குறுக்குக் கம்பியைப் போட்டு ஒரு காவலாளியை நிறுத்தினார்கள். திங்கட்கிழமை காலையில் அந்தக் காவலாளி ஜீப்பை மறித்து, எங்கே போகிறீர்கள் என்று கேட்டான்.

"எங்க வூட்டுப் பாதையில போறேன். கம்பியத் தூக்குங்கண்ணே."

"மேனேஜர்கிட்ட கேக்கணும்மா."

"கேட்டுட்டு வாங்க. நாங்க இங்கயே நிக்கிறோம்."

இஞ்சினை அணைக்காமல், ஆரனில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். பின்னால் கல் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. அந்த டிரைவர்களும் ஆரன் அடிக்க ஆரம்பித்தார்கள். கடைசியில் காவலாளி யாரையும் கேட்காமலே கம்பியை மேலே தூக்கினான்.